மட்டம் பார்த்தல்

வீடு கட்டுவோர் மட்டம் பார்ப்பர். வீட்டில் வாழ்வோர் அதனை மறந்துவிடுவர். இவ்வுண்மையை எமக்குப் புகட்டியது ஒரு குளிரூட்டி. கற்றதற்கு நாம் கொடுத்த விலை சிறிதன்று. பிறராவது செலவின்றிக் கற்கட்டும் என்றே இதனை எழுதுகிறோம்.

எமது மாமனார் யாழ்ப்பாணத்தில் நாற்பது ஆண்டுகள் மேசனாக உழைத்தவர். பாரிசவாதத்தால் வலப்பக்கம் தளர்ந்து அவர் படுக்கையில் வீழ்ந்தபோது, அவரது அறைக்கென ஒரு குளிரூட்டி வாங்கினோம். பூட்ட வந்த இளைஞர் இருவர் வெளிப்புறப் பெட்டியை வீட்டுக் கோடியில், புதிதாக மண் நிரப்பிய இடத்தில், இரண்டு சீமெந்துக் கற்களின் மேல் வைத்துவிட்டு இருட்டுமுன் புறப்பட்டனர்.

“தம்பி, மட்டம் பாத்தவங்களோ?” என்று படுக்கையிலிருந்து வினவினார் மாமனார்.

“மாமா, இது மதிலில்லை, மெசின். எப்பிடி வைச்சாலும் ஓடும்” என்றோம். அவர் மறுமொழி கூறவில்லை.

மாரி மழை வந்தது. மண் இறுகியது, ஒரு கல் தாழ்ந்தது. பெட்டியின் ஒரு பக்கம் இரண்டு அங்குலமளவு சரிந்தது. இரவில் கோடிப்புறத்திலிருந்து ஓர் உறுமல் கேட்கத் தொடங்கிற்று. “அது சரிஞ்சு நிக்குது. சத்தத்திலை தெரியுது” என்றார் மாமனார். நாளை பார்ப்போம் என்றோம். அந்த நாளை மூன்று மாதங்களாக நீண்டது.

சித்திரை வெயில் உச்சத்தில் நின்ற நாளொன்றில் குளிர் நின்றுபோயிற்று. திருத்துநர் பெட்டியின் மூடியைக் கழற்றி, செப்புக் குழாயொன்றின் இணைப்பிலே படர்ந்திருந்த எண்ணெய்க் கறையைக் காட்டினார். பின்பு அவர் விளக்கியது இதுவாகும்.

பெட்டியினுள் இருக்கும் கொம்பிரசரே அக்கருவியின் இதயம். அதன் அடியில் சிறிதளவு எண்ணெய் தேங்கி நிற்கும். சுழலும் தண்டின் துளை வழியே அந்த எண்ணெய் மேலேறி, உராயும் உறுப்புகளை நனைக்கும். பெட்டி சரிந்தால் எண்ணெயும் ஒரு பக்கமாக ஒதுங்கும். சரிவு மிகுந்தால் வேண்டிய இடத்துக்கு எண்ணெய் எட்டாது; உறுப்புகள் தேயும். அன்றியும், கொம்பிரசர் இறப்பர்ப் பாதங்களின் மேல் அமர்ந்திருப்பது. பாரம் எல்லாப் பாதங்களிலும் ஒப்ப இறங்கினாலன்றி அதிர்வு அடங்காது. அடங்காத அதிர்வு செப்புக் குழாய்களை இரவு பகலாக உலுப்பும். நாளடைவில் இணைப்பிலே மயிரிழை வெடிப்புத் தோன்றும். குளிரூட்டும் வாயு கசிந்துவிடும். வாயுவோடு கலந்து ஓடும் எண்ணெயே அங்கே கறையாகப் படிகிறது. எமது குழாய்க்கு நேர்ந்ததும் இதுவே. மிகச் சிறு சரிவு உடனே கேடு செய்யாது. இரண்டு அங்குலமோ சிறு சரிவன்று.

இக்கருவியின் பிறப்பை எண்ணினால் எமது பிழை இன்னும் பெரிதாகத் தோன்றுகிறது. 1902 ஆம் ஆண்டில் நியூயோர்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகம் இருந்தது. அங்கே காற்றின் ஈரத்தால் தாள் விரிந்து சுருங்க, வர்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாது விலகின. அக்குறையைத் தீர்க்கவே வில்லிஸ் கரியர் என்ற பொறியியலாளர் காற்றின் ஈரத்தைக் கட்டுப்படுத்தும் முறையை வகுத்தார். மயிரிழை விலகலைத் திருத்தப் பிறந்த கருவியை நாம் இரண்டு அங்குலம் சரிய விட்டிருந்தோம்!

திருத்தம் முடிய மூன்று இரவுகள் சென்றன. மாமனாரின் அருகிலிருந்து பனையோலை விசிறியால் முறைவைத்து வீசினோம். ‘அப்போதே சொன்னேனே’ என்று அவர் ஒரு முறையேனும் கூறவில்லை. திருத்துகூலியினும் அந்த மௌனமே எமக்குப் பாரமாயிருந்தது.

வெடித்த இணைப்பை ஒட்டி, வாயு நிரப்பினர். நல்வேளையாகக் கொம்பிரசர் தப்பியது. மண்ணை இடித்து இறுக்கிக் கொங்கிறீற்றுத் தளம் இட்டோம். பெட்டியை ஏற்றிய அன்று, பரண்மேல் கிடந்த மாமனாரின் பழைய ரசமட்டத்தைத் துடைத்தெடுத்து, அவரையும் சக்கர நாற்காலியில் கோடிக்கு அழைத்துச் சென்றோம். இடக்கையால் அதனைப் பெட்டியின் மேல் நீளவாட்டில் வைத்தார். பின் குறுக்கே வைத்தார். ஒரு பாதத்தின் கீழ் மெல்லிய தகடொன்று செருகச் சொன்னார். குமிழி நடுவில் வந்து நின்றது.

அறையிலிருந்து தண்ணீரை வெளியே கொண்டுவரும் குழாயையும் அவர் விடவில்லை. அது ஓரிடத்தில் மட்டமாகக் கிடந்தது. அதைச் சரித்துக் கட்டும்படி பணித்தார்.

“நிக்கிறது மட்டமாய் நிக்கவேணும், ஓடுறது சரிவாய் ஓடவேணும், தம்பி” என்றார்.

குளிரூட்டி பூட்டுவோர் பூட்டும் அன்றே மட்டம் பார்ப்பாராக. மாரி கழிந்தபின் மறுமுறையும் பார்ப்பாராக. வீட்டில் அனுபவசாலி ஒருவர் இருப்பின், அவர் கேட்கும் கேள்விக்குச் சிரியாதிருப்பாராக. எமது கோடியில் இப்போது உறுமல் இல்லை. மாமனார் நன்றாக உறங்குகிறார்.