பனவடலிசத்திரத்துக்கு வந்து இறங்கும் புது டீச்சர்

சங்கரன்கோவிலிலிருந்து திருநெல்வேலி போகும் பஸ்ஸில் காலை எட்டு மணிக்கு ஏறினால், யாரெல்லாம் ஆசிரியர்கள் என்று கண்டுபிடிப்பது சுலபம். மடியில் பெரிய பை இருக்கும். அதிலிருந்து சார்ட் பேப்பர் சுருள் எட்டிப்பார்க்கும். பாதிப் பேர் கண்ணை மூடி இருப்பார்கள். அவர்களில் யார் புதுசு என்று கண்டுபிடிப்பது அதைவிடச் சுலபம். கண்ணை மூடாமல், ஒவ்வொரு நிறுத்தத்தின் பெயர்ப்பலகையையும் வாசித்துக்கொண்டே வருபவர்தான் புதுசு. ஊர் தாண்டிப் போய்விடுமோ என்ற பயம் முதல் ஒரு மாதத்துக்குப் போகாது.

அப்படி அவர் இறங்கும் இடங்களில் ஒன்று பனவடலிசத்திரம். தென்காசி மாவட்டம், சங்கரன்கோவில் வட்டம். 2019 நவம்பர் வரை இது திருநெல்வேலி மாவட்டமாக இருந்தது. வடலி என்றால் இளம் பனை. சத்திரம் என்றால் வழிப்போக்கர்கள் தங்கிப் போகும் இடம். பனையும் சத்திரமும் சேர்ந்து ஊர்ப்பெயர் ஆகிவிட்டது. சாலை ஓரத்தில் டீக்கடைகள், காவல் நிலையம், நாலு பேர் நிற்கும் நிறுத்தம். இந்த இடத்தைத் தூரத்துக் குக்கிராமம் என்று சொல்ல முடியாது. திருநெல்வேலி, ராஜபாளையம் பஸ்கள் போய்க்கொண்டேதான் இருக்கும். ஆனால், சாலையை விட்டு இரண்டு பக்கமும் பிரியும் கிளைச் சாலைகளில் இருக்கின்றன கரிசல் காட்டுக் கிராமங்கள். புது டீச்சரின் பள்ளிக்கூடம் இருப்பது அங்கே. உள்ளே போகிற டவுன் பஸ்ஸைத் தவறவிட்டால், அடுத்தது எப்போது என்று டீக்கடைக்காரரிடம்தான் கேட்க வேண்டும்.

முதலில் கேட்கப்படும் கேள்விகள்

பள்ளிக்கூட வாசலுக்கு வருவதற்குள் மூன்று பேர் விசாரித்திருப்பார்கள். ''எந்தூரு டீச்சர்?'' ''வீடு எங்க பாத்திருக்கீங்க?'' ''கல்யாணம் ஆயிட்டா?'' நகரத்தில் வளர்ந்தவருக்கு மூன்றாவது கேள்வி சுருக்கென்று இருக்கும். ஒரு மாதம் போனால் தெரியும், அது வம்புக்குக் கேட்டதல்ல. இந்த ஊரில் ஒருவரை எந்த இடத்தில் வைத்துப் பேசுவது என்று தெரிந்துகொள்ளும் வழி அது. 'எத்தனை வருஷம் இருப்பீங்க?' என்பதுதான் உண்மையில் அவர்கள் கேட்க நினைக்கும் கேள்வி. அதை யாரும் முதல் நாளில் கேட்க மாட்டார்கள்.

அதற்குக் காரணம் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஆசிரியர் தேர்வில் வென்று பணி ஆணை வாங்கும் தென் மாவட்டத்துக்காரர்களில் பலருக்கு முதல் ஊராக அமைவது கிருஷ்ணகிரியோ, திருவண்ணாமலையோ, விழுப்புரமோதான். காலியிடங்கள் அங்கேதான் அதிகம். கலந்தாய்வில் கம்ப்யூட்டர் திரையில் மிஞ்சியிருக்கும் பள்ளிகளில் ஒன்றைச் சில நிமிடங்களில் தேர்ந்தெடுக்க வேண்டும். மேப்பில் தேடிப் பார்க்கக்கூட நேரம் இருக்காது. அப்புறம் வருடக்கணக்கில் பணிமாறுதலுக்குக் காத்திருப்பு. நீண்ட விடுமுறை முடியும் மாலையில் சங்கரன்கோவில் ரயில் நிலையத்துக்குப் போனால் இதைக் கண்ணால் பார்க்கலாம். செங்கோட்டையிலிருந்து சென்னை போகும் பொதிகை எக்ஸ்பிரஸ்ஸுக்காக, பருப்புப் பொடியும் ஊறுகாயும் கட்டிய பைகளோடு இளம் ஆசிரியைகள் நிற்பார்கள். வழியனுப்ப வந்த அப்பா, பை கனக்கிறதா என்று நாலு தடவை தூக்கிப் பார்ப்பார்.

ஆக, இந்தப் பக்கத்து ஊர்கள் புது டீச்சர்களை வரவேற்கவும் செய்கின்றன, வெளியே அனுப்பவும் செய்கின்றன. பனவடலிசத்திரத்துப் பள்ளிக்கு வருபவர் நாகர்கோவில்காரராகவோ மதுரைக்காரராகவோ இருக்கலாம். பனவடலிசத்திரத்துப் பெண் ஓசூர்ப் பக்கம் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசும் பிள்ளைகளுக்கு 'அ' சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கலாம். ஒரே மாநிலத்துக்குள் இரண்டு பேருமே வெளியூர்க்காரர்கள்.

'ஏசுதான்' என்றால் என்ன?

வகுப்பறைக்குள் முதலில் இடறுவது பாஷை. ''டீச்சர், இவன் என்னைய ஏசுதான்'' என்று ஒரு சிறுமி ஓடி வருவாள். சென்னைப் பக்கத்திலிருந்து வந்தவருக்கு ஒரு நிமிடம் கர்த்தர்தான் நினைவுக்கு வருவார். 'ஏசுகிறான்' என்பதன் நெல்லை வடிவம் அது. 'திட்டுகிறான்' என்று அர்த்தம். இங்கே 'தான்' என்று முடிந்தால் நடந்து முடிந்த விஷயம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. பஞ்சாயத்து இன்னும் நடந்துகொண்டிருக்கிறது!

''குறுக்கு வலிக்கு டீச்சர்'' என்றால் முதுகு வலி. 'வெஞ்சனம்' என்றால் தொட்டுக்கொள்ளும் காய். 'அவயம் போடாதல' என்றால் கத்தாதே. 'பைய' என்றால் மெதுவாக. 'சாரம்' என்றால் லுங்கி. பாடப்புத்தகத்தின் தமிழும் பிள்ளையின் தமிழும் சந்திக்கும் இடத்தில் டீச்சர் நிற்கிறார். சில கரிசல் ஊர்களில் வீட்டுமொழி தெலுங்கு. அந்தப் பிள்ளைக்கு வீட்டில் ஒன்று, தெருவில் ஒன்று, புத்தகத்தில் ஒன்று என்று மூன்று பாஷைகள். அதன் மேல் இங்கிலீஷ் வேறு.

இந்தக் கரிசல் பேச்சைக் கௌரவமான இடத்தில் உட்கார வைத்தவர், கோவில்பட்டி அருகே இடைசெவலில் பிறந்த கி.ராஜநாராயணன். மழைக்காகப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கி, அங்கேயும் மழையை வேடிக்கை பார்த்தவன் என்று தன்னையே கேலி செய்துகொண்டவர். அவர் கரிசல் சொற்களுக்கு ஓர் அகராதியே தொகுத்தார். பிற்பாடு புதுச்சேரிப் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக அழைத்துக்கொண்டது. புதிதாக வரும் ஆசிரியர்களுக்கு அந்த அகராதியில் ஒரு பிரதியைப் பணி ஆணையோடு சேர்த்துக் கொடுத்தால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

இரண்டு பேர், ஐந்து வகுப்புகள்

கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப்பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். பிள்ளைகள் இருபது பேராக இருந்தாலும் வகுப்புகள் ஐந்துதான். அந்த இருவரில் ஒருவர் தலைமையாசிரியர். அவர் கூட்டத்துக்கோ பயிற்சிக்கோ போய்விட்ட நாளில், புது டீச்சர் ஒருவரே ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை எல்லாம்.

காலையில் முதல் வேலை சாப்பாடு. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, அடுத்த ஆண்டு மாநிலம் முழுக்க உள்ள அரசு தொடக்கப்பள்ளிகளுக்கு வந்தது. உப்புமாவோ, கிச்சடியோ, பொங்கலோ சுயஉதவிக்குழுப் பெண்கள் சமைத்துவிடுவார்கள். விடியும் முன்பே காட்டு வேலைக்குப் போகும் அம்மாக்கள் உள்ள ஊரில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது, பத்து மணிக்குத் தூங்கி விழாத பிள்ளைகளைப் பார்த்தால் தெரியும். அப்புறம் போனில் வருகைப் பதிவு. சிக்னல் இல்லாவிட்டால், போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மைதானத்தின் எந்த மூலையில் நிற்க வேண்டும் என்பதை பிள்ளைகளே காட்டிக்கொடுப்பார்கள்.

அதன் பிறகுதான் பாடம். கொரோனா விடுமுறையில் விட்டுப்போன படிப்பை ஈடுகட்ட 2022-ல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்திருப்பார்கள். பெயர்கள் அழகுதான். ஒரே அறையில் மூன்று நிலைகளையும் வைத்துக்கொண்டு, அரும்புக்கு எழுத்து அட்டை கொடுத்துவிட்டுத் திரும்புவதற்குள் மலர்கள் சண்டை போட்டிருக்கும். பயிற்சி நிறுவனத்தில் எழுதிக்காட்டிய பாடத்திட்டக் குறிப்பு எல்லாம் முதல் வாரத்திலேயே பைக்குள் போய்விடும்.

சம்பளம்? இடைநிலை ஆசிரியருக்கு அடிப்படை ஊதியம் 20,600 ரூபாயில் தொடங்குகிறது. 2009 ஜூன் 1-க்குப் பிறகு பணியில் சேர்ந்தவர்களுக்கும் அதற்கு முன் சேர்ந்தவர்களுக்கும் உள்ள வித்தியாசம் இன்னும் ஆறாத புண். அதற்காக இளம் ஆசிரியர்கள் சென்னையில் பலமுறை உண்ணாவிரதம் இருந்திருக்கிறார்கள்.

ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து வரும் காற்று இன்னொரு பாடம். சுற்றிலும் காற்றாலைகள் நிற்பது சும்மா இல்லை. ஸ்கூட்டியில் வரும் டீச்சரைக் காற்று ரோட்டின் ஒரு ஓரத்திலிருந்து இன்னொரு ஓரத்துக்குத் தள்ளும். அதே ஆடியில்தான் சங்கரன்கோவில் ஆடித்தபசு. கோமதி அம்மனின் தவத்துக்கு இரங்கி, சிவனும் திருமாலும் ஒரே உருவில் காட்சி தந்த நாள். அன்று பள்ளிக்கு விடுமுறை. மறுநாள் பாதி வகுப்பு காலி. வந்த பிள்ளைகளில் ஒன்று, கோயில் புற்றுமண்ணைக் காகிதத்தில் மடித்து டீச்சருக்குக் கொண்டுவந்திருக்கும்.

பெத்தேலிலும் ஒரு பஸ் ஸ்டாண்ட்

இங்கேயே இப்படி என்றால், உலகத்தின் மறுகோடியில் அலாஸ்காவில் யூப்பிக் பழங்குடிக் கிராமத்துக்குப் போகும் புது டீச்சரின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். யூக்கான், குஸ்கோக்விம் என்ற இரண்டு ஆறுகளின் கழிமுகத்தில் சிதறிக் கிடக்கும் ஊர்கள். ஒவ்வொன்றிலும் சில நூறு பேர். ஊரையும் ஊரையும் இணைக்கும் சாலை கிடையாது. நெல்லைக்காரர்களுக்குச் சர்ச் பெயராகப் பழகிய பெத்தேல் என்ற ஊர்தான் அந்தப் பகுதியின் பஸ் ஸ்டாண்ட் மாதிரி. ஆனால் அங்கே வந்து போவது குட்டி விமானங்கள். பனிக்காலத்தில் ஆறு உறைந்து, அதுவே ரோடு ஆகிவிடும். டிசம்பரில் பகல் வெளிச்சம் ஐந்தாறு மணி நேரம்தான். சில ஊர்களில் இன்னும் குழாய்த் தண்ணீர் வராத வீடுகள் உண்டு.

அங்கே போகும் புது டீச்சர் முதல் நாள் ஒரு கேள்வி கேட்பார். பிள்ளை பதிலே சொல்லாமல் புருவத்தை மட்டும் உயர்த்தும். திமிர் என்று நினைத்துவிடுவார். யூப்பிக் மக்களிடம் புருவத்தை உயர்த்தினால் 'ஆமாம்' என்று அர்த்தம்! அவர்கள் மொழியைப் பேசியதற்காகவே பிள்ளைகளைத் தண்டித்த பள்ளிகள் ஒரு காலத்தில் அங்கே இருந்தன. இன்று அதே மொழியில் பாடம் நடத்தும் பள்ளி பெத்தேலில் இருக்கிறது.

ஐம்பது வருடங்களுக்கு முன் அந்தக் கிராமங்களில் பலவற்றில் உயர்நிலைப்பள்ளி இல்லை. படிக்க வேண்டுமென்றால் வீட்டை விட்டு வெகுதூர விடுதிக்குப் போக வேண்டும். எம்மோனாக் என்ற ஊரைச் சேர்ந்த மாலி ஹூட்ச் என்ற மாணவியின் பெயரில் 1972-ல் வழக்குப் போட்டார்கள். 1976-ல் அது சமரசமாக முடிந்தபோது, 126 கிராமங்களில் உயர்நிலைப் படிப்பு தர அரசு ஒப்புக்கொண்டது. அதற்கு இருபது வருடம் முன்பே, பனவடலிசத்திரத்துக்குக் கிழக்கே எட்டயபுரத்தில், பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு போடும் திட்டத்தை 1956-ல் காமராஜர் தொடங்கி வைத்திருந்தார். பள்ளிக்கூடம் பிள்ளையைத் தேடி வர வேண்டும் என்று நினைத்தவர்கள் இரண்டு பக்கமும் இருந்திருக்கிறார்கள்.

ஜூன் மாதத்து நடை

சரி, மறுபடி கரிசலுக்கு. புது டீச்சருக்கு உண்மையான பரீட்சை வகுப்பறையில் இல்லை, தெருவில். மே கடைசியில், ஜூன் தொடக்கத்தில் வீடு வீடாகப் போய், ''பிள்ளையை நம்ம ஸ்கூல்ல சேருங்க'' என்று கேட்க வேண்டும். அதே நேரத்தில் மஞ்சள் வேன் ஊருக்குள் வந்து திரும்பும். டை கட்டிய பிள்ளை அதில் ஏறும். பருத்தியும் உளுந்தும் மக்காச்சோளமும் வானத்தை நம்பி விதைக்கும் குடும்பம், கடன் வாங்கியாவது அந்த வேனுக்குப் பணம் கட்டுகிறது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால், இரண்டு பிள்ளைகள் வேனில் ஏறினால் பள்ளியின் எண்ணிக்கை இருபதிலிருந்து பதினெட்டு ஆகும். எண்ணிக்கை குறையக் குறைய, அந்தப் பள்ளி எத்தனை நாளைக்கு என்ற பேச்சு ஊரில் எழும்.

இந்த நடையில் டீச்சர் எல்லாத் தெருவுக்கும் போக வேண்டும். எல்லாத் தெரு என்பதைச் சொல்வது எளிது. இதே சங்கரன்கோவில் வட்டத்துப் பாஞ்சாகுளத்தில் 2022 செப்டம்பரில், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சாதியைக் காட்டி மிட்டாய் தர மறுத்த கடைக்காரரின் வீடியோ நாட்டையே அதிர வைத்தது. கைதுகள் நடந்தன. சம்பந்தப்பட்டவர்கள் ஊருக்குள் வர நீதிமன்றம் தடை போட்டது. மறு ஆண்டு நாங்குநேரியில் ஒரு மாணவர் சக மாணவர்களால் வீடு புகுந்து வெட்டப்பட்டதும், நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைந்ததும் எல்லோருக்கும் தெரியும். கையில் கட்டும் கயிற்றின் நிறத்துக்குக்கூட அர்த்தம் இருக்கும் வட்டாரம் இது. புது டீச்சருக்கு அந்த அர்த்தங்கள் தெரியாது. தெரியாதது சில சமயம் பலம். எந்தத் தெரு எது என்று கேட்காமலே எல்லா வீட்டுத் திண்ணையிலும் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிடுவார். வகுப்பில் பெயர் அகர வரிசையில் பிள்ளைகளை உட்கார வைத்துவிடுவார். அதற்குச் சில வீடுகளில் முணுமுணுப்பு வரும். நேரில் வந்து கேட்பவர்களும் உண்டு. அந்த நேரத்தில் கூட நிற்கும் தலைமையாசிரியர் கிடைப்பது அவரவர் அதிர்ஷ்டம்.

ஐப்பசியில் மழை இறங்கியதும் கரிசல் தன் குணத்தைக் காட்டும். பஸ் நிறுத்தத்திலிருந்து பள்ளிக்கு வருவதற்குள் செருப்பின் அடியில் மண் அப்பி அப்பி, ஒவ்வொரு காலும் ஒரு கிலோ கனக்கும். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடப்பதுதான் வழி என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளை சொல்லிக்கொடுக்கும். வாசலில் ஒரு குச்சி கிடக்கும், மண்ணைச் சுரண்ட. பள்ளியைச் சுற்றிக் காடு முழுக்கப் பச்சையாக உளுந்து நிற்கும் அந்த நாள்களில்தான், பஸ்ஸில் கண்ணை மூடித் தூங்கும் கூட்டத்தில் புது டீச்சரும் சேர்ந்திருப்பார்.

மறுபடி மே மாதம் வரும். மாறுதல் கலந்தாய்வு அறிவிப்பு வந்துவிட்டது என்பது ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுக்களுக்கு முன்னால் ஊருக்குத் தெரிந்துவிடும். விண்ணப்பிக்கலாமா வேண்டாமா என்று டீச்சர் இன்னும் வீட்டில் பேசி முடித்திருக்க மாட்டார். கடைசி வேலை நாளில், பையைத் தூக்கிக்கொண்டு அவர் கிளம்பும்போது, யாராவது ஒரு பிள்ளை வாசல் கம்பியைப் பிடித்தபடி கேட்டுவிடும், ''அடுத்த வருசமும் நீங்கதான டீச்சர்?''

அலாஸ்காவிலும் பிள்ளைகள் மே மாதத்தில் இதையேதான் கேட்கிறார்கள். இங்கே டவுன் பஸ் வேறு ஹாரன் அடித்துக்கொண்டு திரும்பி நிற்கும். அதை விட்டால் அடுத்தது இருட்டின பிறகுதான்.