சிவப்பு விளக்கு எரியும் முன்

ஒரு கேள்வியோடு ஆரம்பிக்கிறேன்.

உங்க கார் டேஷ்போர்டில், மூக்கில் ஒரு சொட்டு தொங்கும் எண்ணெய்க் குடுவை மாதிரி ஒரு சிவப்பு விளக்கு இருக்கும். சாவி போட்டதும் எரியும், இன்ஜின் ஸ்டார்ட் ஆனதும் அணைந்துவிடும். ஓட்டிக்கொண்டு இருக்கும்போது அது எப்போ எரியும்?

"ஆயில் குறைஞ்சா எரியும் சார்" என்றுதான் பலரும் சொல்கிறார்கள்.

இல்லைங்க. அது ஆயில் அளவைச் சொல்லும் விளக்கு இல்லை. ஆயில் பிரஷரைச் சொல்லும் விளக்கு. பெரும்பாலான கார்களில் பிரஷர் ஏறக்குறைய அரை பாருக்குக் கீழே விழுந்த பிறகுதான் எரியும். நன்றாகச் சூடான இன்ஜின் சும்மா ஐடிலிங்கில் நிற்கும்போதே 1 பாருக்கு மேல் இருக்க வேண்டும். ஹைவேயில் போகும்போது 3, 4 பார் சாதாரணம். அந்த 4-ல் இருந்து அரை வரைக்கும் விழுகிற வழியெல்லாம் டேஷ்போர்டு உங்ககிட்ட ஒரு வார்த்தை பேசாது.

வார்டில் ஒருவருக்கு பி.பி. 120-ல் இருந்து படிப்படியாக இறங்கி 40-க்கு வந்த பிறகு ஓடி வந்து "டாக்டர், பேஷன்ட் ஒரு மாதிரி இருக்கார்" என்று சொன்னால் எப்படி இருக்கும்? அந்தச் சிவப்பு விளக்கு அப்படித்தான்.

நடுவில் உள்ள அந்த மௌனத்தைப் பற்றித்தான் இந்த த்ரெட். கொஞ்சம் நீளம். வண்டியை மாடிஃபை பண்ணி வைத்திருப்பவர்கள், பண்ண ஆசைப்படுபவர்கள், வீட்டில் அப்படி ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு பயப்படுபவர்கள், மூன்று தரப்பும் படிக்கலாம்.

நான் திருவண்ணாமலையில் அரசு மருத்துவர். காலேஜ் நாளில் இருந்தே இன்ஜின் பைத்தியம் உண்டு. என் சித்தி பையன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். சின்ன டர்போ பெட்ரோல் கார் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கி, ரீமேப் பண்ணி வைத்திருக்கிறான். ரீமேப் என்றால் இன்ஜினின் கம்ப்யூட்டர் கணக்கை மாற்றி, டர்போவை இன்னும் கொஞ்சம் அழுத்தச் சொல்வது. பவர் கூடும். கூடவே சூடும் கூடும், ஆயிலுக்கு வேலையும் கூடும்.

ஒரு லீவு நாளில் வந்து நின்றான். "அண்ணா, மூணு நாலு மீட்டர் மாட்டணும். உள்ளே உக்காந்தா ஐ.சி.யு. மாதிரி இருக்கணும்."

நான் சொன்னேன்: "ஐ.சி.யு.ல அழகுக்குன்னு எதையும் மாட்டறது இல்லப்பா. அந்த நம்பரைப் பார்த்து நாம என்ன செய்யப் போறோம்னு தெரிஞ்சாத்தான் மாட்டுவோம்."

அந்த ஒரு கேள்வியிலேயே அவன் பட்டியல் மூன்றாகச் சுருங்கியது: டர்போ பூஸ்ட், ஆயில் பிரஷர், ஆயில் டெம்பரேச்சர்.

பூஸ்ட் மீட்டரை ஒரு டாக்டர் சுலபமாகப் புரிந்துகொள்ளலாம். நம் பி.பி. 120 என்றால், சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தை விட 120 மில்லிமீட்டர் பாதரசம் அதிகம் என்று அர்த்தம். காற்றின் அழுத்தமே சுமார் 760. அதைப் பூஜ்ஜியமாக வைத்துத்தான் அளக்கிறோம். பூஸ்ட் மீட்டரும் அதே கணக்கு. 1 பார் பூஸ்ட் என்றால் காற்றழுத்தத்துக்கு மேலே இன்னொரு 750 மில்லிமீட்டர்.

இன்னொரு சொந்தமும் உண்டு. ஊசி வைத்த பழைய மாடல் பிரஷர் மீட்டருக்குள் வளைந்த ஒரு குழாய் இருக்கும். அழுத்தம் ஏறினால் அது நிமிரப் பார்க்கும், அந்த அசைவுதான் ஊசியைத் திருப்பும். 1849-ல் பிரான்ஸில் யூஜின் பூர்தோன் காப்புரிமை வாங்கிய விஷயம். ஆஸ்பத்திரி ஆக்சிஜன் சிலிண்டர் தலையில் இருக்கிற மீட்டரும் அதே சாதிதான். 2021 கொரோனா இரண்டாவது அலையில் வேலை பார்த்த யாரிடமாவது கேளுங்கள், அந்த ஊசி எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்வார்கள். சிலிண்டர் தீர்ந்த பிறகு பார்க்கிற மீட்டரால் பிரயோஜனம் இல்லை. தீர்வதற்கு அரை மணி நேரம் முன்னாடி பார்க்கிற மீட்டர் ஒரு உயிர்.

சரி, வயரிங்குக்கு வருவோம். உண்மையான ஆபத்து இங்கேதான் இருக்கிறது.

தம்பி ஏற்கனவே ஒரு கடையில் பூஸ்ட் மீட்டர் மாட்டியிருந்தான். நம்ம ஊர் எலக்ட்ரீசியன் அண்ணன் டேஷ்போர்டு அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தார். ஒரு நிமிஷம் பேசவில்லை. பிறகு, "டாக்டர் சார், நீங்களே வந்து பாருங்க" என்றார்.

மீட்டரின் சிவப்பு வயரை, பேட்டரியில் இருந்து ஸ்டீரியோவுக்குப் போகும் வயரின் தோலைச் சீவி, முறுக்கி, கறுப்பு டேப் சுற்றிவிட்டிருந்தார்கள். நடுவில் ஃப்யூஸ் இல்லை. திருவண்ணாமலை வெயிலில் பூட்டி நிறுத்திய காருக்குள் டேப்பின் பசை உருகி வழிந்து, டேப் பாதி கழன்று, உள்ளே செம்பு தெரிந்தது. அது பக்கத்து இரும்பில் ஒரு தரம் உரசியிருந்தால் போதும். கார் பேட்டரி ஷார்ட் ஆனால் நூற்றுக்கணக்கான ஆம்பியரைத் தள்ளும். அந்த மெல்லிய வயர் ஹீட்டர் காயில் மாதிரி சிவந்துவிடும். சுற்றிலும் பிளாஸ்டிக், பஞ்சு, கார்ப்பெட்.

பலருக்குத் தெரியாத ஒன்று: ஃப்யூஸ் இருப்பது மீட்டரைக் காப்பாற்ற இல்லை. வயரைக் காப்பாற்ற. அதனால்தான் அது மின்சாரம் எடுக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். மீட்டர் பக்கத்தில் போட்டால், நடுவில் போகிற வயருக்குக் காவல் இல்லை.

அன்று அவர் செய்ததைச் சொல்றேன். நீங்கள் கடையில் விடும்போது இதையெல்லாம் கேட்டு வாங்குங்கள்.

ஒன்று, கரண்ட். பொதுவாக மீட்டருக்கு நாலு வயர். எப்போதும் 12 வோல்ட் வருவது, சாவி போட்டால் மட்டும் வருவது, இரவில் வெளிச்சத்தைக் குறைக்க பார்க் லைட்டில் இருந்து வருவது, கடைசியாக எர்த். எந்தக் கலர் எதற்கு என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கலரை நம்பாமல் மீட்டரோடு வந்த தாளையும் மல்டிமீட்டரையும் நம்ப வேண்டும். வயரைச் சீவாமல், ஃப்யூஸ் பாக்ஸிலேயே செருகி தனி ஃப்யூஸோடு லைன் எடுக்கும் அடாப்டர் கிடைக்கிறது. விலை ரொம்பக் கம்மி.

இரண்டு, எர்த். பெயிண்ட் அடித்த தகட்டில் போல்ட் முறுக்கினால் அது எர்த் இல்லை. அவர் பெயிண்டைச் சுரண்டி, பளபளவென்று இரும்பு தெரிந்த பிறகு லக் வைத்து முறுக்கினார். ஹெட்லைட் போட்டுப் பார்த்தார். ஊசி அசையவில்லை. "லைட் போட்டா பிரஷர் ஏறக் கூடாது சார். ஏறினா எர்த் பொய் சொல்லுதுன்னு அர்த்தம்." ஈ.சி.ஜி. எடுக்கும்போது எலக்ட்ரோடு சரியாக ஒட்டாவிட்டால் நல்ல இதயம் கூட கோணல் மாணலாகத் தெரியுமே, அதே கதை.

ஆயில் சென்சாரிலும் இதே சிக்கல் உண்டு. ஒற்றை வயர் சென்சார் தன் மரையின் வழியாகத்தான் எர்த் எடுக்கும். லீக் ஆகக் கூடாது என்று மரையில் டெஃப்லான் டேப்பை நிறையச் சுற்றினால், எர்த் தடைபட்டு அளவு தப்பாகக் காட்டும்.

மூன்று, வழி. இன்ஜின் அறைக்கும் நம் காலுக்கும் நடுவில் இருக்கும் இரும்புத் தகட்டைத் தாண்டித்தான் வயர் உள்ளே வரணும். ஓட்டையின் விளிம்பு கத்தி மாதிரி. ரப்பர் குரோமெட் இல்லாமல் விட்டால், வண்டி அதிர அதிர வயர் அறுபடும்.

நான்கு, ஆயில் உள்ளே வரவே கூடாது. சில மெக்கானிக்கல் ஆயில் பிரஷர் மீட்டர்களில், மெல்லிய குழாய் வழியாகச் சூடான ஆயிலே டேஷ்போர்டு வரை வரும். 100 டிகிரி ஆயில், அதுவும் பிரஷரில். குழாய் விட்டுப்போனால் டிரைவரின் கால் மேல் கொட்டும். சூட்டுக் காயத்தோடு வருபவர்களைப் பார்க்கிறவன் என்ற முறையில் சொல்றேன்: எலக்ட்ரிக் சென்சார் வைத்ததையே வாங்குங்கள். ஆயில் வெளியே நிற்கும், வயர் மட்டும் உள்ளே வரும்.

ஐந்து, மாட்டும் இடம். கண்ணாடிக்குப் பக்கத்துத் தூணில் மீட்டர் வைப்பது பார்க்க ஸ்டைல். ஆனால் கர்ட்டன் ஏர்பேக் உள்ள கார்களில் அந்தத் தூண் வழியாகத்தான் பை விரியும். விபத்து நேரத்தில் அங்கே இருக்கும் மீட்டர் உங்கள் தலையை நோக்கி வரும். ஏர்பேக் என்று எழுதியிருக்கும் எந்தப் பகுதியிலும் எதையும் ஒட்டாதீர்கள்.

பார்ப்பதிலும் ஆபத்து உண்டு. மணிக்கு 100 கிலோமீட்டரில் இரண்டு வினாடி மீட்டரைப் பார்த்தால், வண்டி 55 மீட்டர் குருடாக ஓடியிருக்கும். திண்டிவனம் ரோட்டில் அந்த 55 மீட்டருக்குள் ஒரு மாடு, ஒரு டிவிஎஸ், ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை எல்லாம் வரலாம்.

இதற்கு ரேஸ்காரர்களிடம் ஒரு பழைய தந்திரம் இருக்கிறது. நம் மாநிலத்துக்கு இதெல்லாம் புதுசு இல்லை. சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் கார் பந்தயம் விட்ட ஊர் இது. 1990-ல் இருந்து இருங்காட்டுக்கோட்டை டிராக் இருக்கிறது. கோவையில் ரேஸ் கார்களைக் கட்டிய கரிவர்தன் பெயரில் ஒரு டிராக்கே இருக்கிறது. வண்டி மீட்டர்களுக்கென்றே பிரிக்கால் என்ற கம்பெனி 1975-ல் தொடங்கியதும் அதே கோவையில்தான். அந்தத் தந்திரம் இதுதான்: மீட்டரை நேராக மாட்டாமல் திருப்பி மாட்டுவார்கள், எல்லாம் சரியாக இருக்கும்போது எல்லா ஊசியும் மேலே 12 மணியைக் காட்டும்படி. நம்பரைப் படிக்கவே வேண்டாம். ஒரு ஊசி சாய்ந்தால் கடைக்கண்ணிலேயே தெரிந்துவிடும். தம்பி வண்டியிலும் அப்படித்தான் மாட்டினோம்.

அடுத்த வாரம் போளூர் வழியாக ஜமுனாமரத்தூர் ஏறினோம். நான் பக்கத்து சீட்டில், கையில் ஒரு நோட்டு. வழக்கமான வேகம்தான். மலை ஏற ஏற, கொண்டை ஊசி வளைவுகளில் திரும்பும்போதெல்லாம் ஆயில் பிரஷர் ஊசி டக்கென்று இறங்கி மறுபடி ஏறியது. நேர் ரோட்டில் சரியாக இருந்தது. சிவப்பு விளக்கு ஒரு தரம் கூட எரியவில்லை.

வண்டியை ஓரம் கட்டி, பத்து நிமிஷம் கழித்து ஆயில் குச்சியை எடுத்துப் பார்த்தோம். குறைந்தபட்சக் கோட்டுக்கும் கீழே. டர்போ இன்ஜின் ஆயிலைக் கொஞ்சம் குடிக்கும், அதை அவன் பார்த்தே மாசக்கணக்காகி இருந்தது. இருந்த கொஞ்ச ஆயிலும் வளைவில் ஒரு பக்கம் ஒதுங்க, பம்ப் காற்றை உறிஞ்சியிருக்கிறது. டிக்கியில் இருந்த ஆயிலை ஊற்றினோம். அடுத்த வளைவில் ஊசி அசையவில்லை.

அப்படியே ஓட்டியிருந்தால், பேரிங் தேய்ந்து, டர்போ போய், என்றைக்கோ ஒரு இரவில் அந்த விளக்கு எரிந்திருக்கும். அன்று அது எச்சரிக்கையாக இருந்திருக்காது, இறப்புச் சான்றிதழாக இருந்திருக்கும்.

ஆனால் கவனியுங்கள். அன்று அந்த இன்ஜினைக் காப்பாற்றியது மீட்டர் மட்டும் இல்லை. "நேர் ரோட்டில் இவ்வளவு காட்டும்" என்று நோட்டில் எழுதியிருந்தோம். அதனால்தான் வளைவில் காட்டியது வித்தியாசம் என்று தெரிந்தது. மீட்டர் மாட்டிய முதல் வாரமே எழுதி வையுங்கள்: காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் எவ்வளவு, சூடான பிறகு ஐடிலிங்கில் எவ்வளவு, டாப் கியரில் எவ்வளவு, பௌர்ணமி நெரிசலில் ஏ.சி. போட்டு ஊர்ந்தால் எவ்வளவு. அதுதான் உங்கள் வண்டியின் கேஸ் ஷீட்.

செலவு பண்ண மனமில்லாதவர்களுக்கு: ஸ்டீரிங் அடியில் ஓ.பி.டி. போர்ட் என்று ஒன்று இருக்கும். நம்ம ஓ.பி. இல்லை, இது வேற. அதில் செருகும் சின்ன ரீடர், போனில் கூலன்ட் சூடு, பேட்டரி வோல்ட் எல்லாம் காட்டும். ஆயில் பிரஷர் பொதுவாக அதில் வராது.

சட்டமும் ஒரு வரி. ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52. மீட்டர் மாட்டினால் ஆர்.சி. மாறாது. ஆனால் இன்ஜினில் கை வைப்பது வேறு கதை. இன்சூரன்ஸ்காரரிடம் மறைக்காதீர்கள்.

நம்ம உடம்பிலும் சிவப்பு விளக்கு கடைசியில்தான் எரியும். பி.பி. வலிக்காது. பத்து வருஷம் சத்தமே போடாமல் இருந்துவிட்டு, ஒரு நாள் பக்கவாதமாகத்தான் பேசும். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து பி.பி. பார்ப்பது, அந்த மௌன காலத்திலேயே பிடிக்கத்தான். வாசலில் வந்து நிற்பவரிடம் "எனக்கு ஒண்ணும் இல்லம்மா" என்று சொல்லி அனுப்பாதீர்கள்.

நாளைக்குக் காலையில் ஒரே ஒரு வேலை. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஸ்டார்ட் பண்ணும் முன் ஆயில் குச்சியை உருவி, துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பாருங்கள். இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருக்கணும். ஒரு நிமிஷ வேலை, காசு கிடையாது.

பார்த்துவிட்டு எவ்வளவு இருந்தது என்று கீழே சொல்லுங்கள்.