நீறு பூத்த நெருப்பு

எனக்குப் புகை பிடிக்கும் வழக்கம் இல்லை. ஹுக்காவை வாழ்நாளில் ஒரே ஒரு தடவை இழுத்திருக்கிறேன். இருமி இருமிக் கண்ணில் தண்ணீர் வந்ததுதான் மிச்சம். ஆனால் ஹுக்காவுக்குக் கங்கு தயார் செய்யச் சொன்னால் இன்றைக்கும் பிசகில்லாமல் செய்துவிடுவேன். பாடத் தெரியாதவன் தம்பூராவுக்குச் சுருதி கூட்டக் கற்றுக்கொண்ட கதை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வித்தையை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் தில்லியில் என் வீட்டுக்காரர். 1964-ல் உத்தியோகம் கிடைத்து நான் தில்லிக்குப் போனபோது, நம்மவர்கள் கூடி வாழும் கரோல்பாகில் என் சம்பளத்துக்கு இடம் அகப்படவில்லை. கடைசியில் பழைய தில்லியில், சாவ்ரி பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில் மொட்டைமாடி அறை ஒன்று கிடைத்தது. எதிரெதிரே இரண்டு பேர் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய சந்து அது. அந்த மாதிரி மாடி அறைக்கு அங்கே 'பர்ஸாத்தி' என்று பெயர். வெயில் காலத்தில் அடுப்பு. குளிர் காலத்தில் ஐஸ் பெட்டி.

வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்தில் உருதுவும் பாரசீகமும் கற்பித்து ஓய்வு பெற்றவர். சந்து முழுவதற்கும் அவர் மாஸ்டர்ஜி. மாலையானால் வீட்டு முற்றத்தில் கயிற்றுக் கட்டில் போடப்படும். அதன் பக்கத்தில் ஹுக்கா வந்து அமரும். அடியில் தண்ணீர்ப் பாத்திரம், அதிலிருந்து எழும்பும் தண்டு, பக்கத்தில் பாம்பு போல் வளையும் குழாய், உச்சியில் சிலம் என்கிற மண் கிண்ணம். அந்தச் சிலத்தில்தான் புகையிலை. அதுவும் வெறும் புகையிலை அல்ல, கமீரா. வெல்லப்பாகும் பழமும் வாசனைச் சரக்குகளும் சேர்த்துப் புளிக்கவைத்த பதார்த்தம். பெயர் தெரியாதவன் பஞ்சாமிர்தம் என்று நினைத்து வாயில் போட்டுக்கொண்டு விடுவான்.

ஒரு நாள் மாலை நான் மாடியிலிருந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். மாஸ்டர்ஜி நிமிர்ந்து பார்த்து, "பேட்டா, தினமும் சாதம் வடிக்கிறாயே, அந்தக் கஞ்சியை என்ன செய்கிறாய்?" என்று கேட்டார்.

"கொட்டிவிடுகிறேன், மாஸ்டர்ஜி."

"அட பாவமே! இனிமேல் எனக்குக் கொடு."

ரொட்டி தின்னும் அந்த வீட்டில் கஞ்சிக்குப் பஞ்சம். அவருக்கோ கஞ்சி குடிப்பதற்கு அல்ல. கரித்தூளைச் சலித்து, கஞ்சி விட்டுப் பிசைந்து, வட்ட வட்டமாகத் தட்டி, மொட்டைமாடி வெயிலில் காயவைப்பார். அதற்கு 'டிக்கியா' என்று பெயர். பார்த்தால் நம் ஊர் வடாம் கறுத்துப்போன மாதிரி இருக்கும். மே மாதத்து வெயிலில் நானும் அவரும் கரிவடாம் பிழிந்தோம் என்றே சொல்லவேண்டும். என் உள்ளங்கை ஒரு வாரம் வெளுக்கவில்லை. ஆபீசில் சூப்பரின்டெண்ட் என் கையைப் பார்த்துவிட்டு, கார்பன் காகிதத்தை இப்படியா வீணடிப்பது என்று கடிந்துகொண்டார்.

அப்படித்தான் நான் சிஷ்யனானேன்.

முதல் பாடம் கரி வாங்குவது. கருவேல மரத்தை அங்கே கீகர் என்பார்கள். கீகர் கரியை மாஸ்டர்ஜி கண்ணால் பார்த்து வாங்கமாட்டார். காதால் கேட்டு வாங்குவார். இரண்டு துண்டுகளை எடுத்து ஒன்றோடொன்று தட்டுவார். நன்றாக வெந்த கரி கண்ணாடி போலக் 'கிண்' என்று ஒலிக்கும். சரியாக வேகாத கரி கட்டை மாதிரிச் சத்தம் போடும். உடைத்தால் உள்ளே பழுப்பாக மரம் தெரியும். "இது இன்னும் மரமாக இருந்ததை மறக்கவில்லை, புகைந்து அழும்" என்று கடைக்காரனிடமே திருப்பிப் போட்டுவிடுவார். விஷயமும் அதுதான். மரத்தைக் காற்றுப் படாமல் மூடிச் சுட்டால் ஈரமும் பிசினும் ஆவியும் வெளியேறிப் பெரும்பாலும் கரிச்சத்து மட்டுமே மிஞ்சும். அரைகுறையாகச் சுட்டால் அவையெல்லாம் உள்ளேயே தங்கி, பிறகு நம் மூக்கில் வந்து இறங்கும்.

இரண்டாவது பாடம் காத்திருப்பது. நம் வீடுகளில் குமுட்டி அடுப்பு இருந்ததே, அந்த மாதிரி அங்கே அங்கீட்டி. அதில் கரியைப் பற்றவைத்து விசிறினால் முதலில் புகை வரும். புகை அடங்கியதும் கரியின் மேல் ஊதா நிறத்தில் சின்னச் சின்ன ஜ்வாலைகள் ஆடும். எனக்கு அவசரம். ஒரு மூலை சிவந்தவுடனே இடுக்கியை எடுப்பேன். மாஸ்டர்ஜி கையைத் தட்டிவிடுவார்.

"கறுப்பு இருக்கிற வரையில் கங்கைத் தொடாதே. சிவப்பு வந்தாலும் தொடாதே. வெளுப்பு வரட்டும்."

எனக்கு உடனே என் பாட்டியின் ஞாபகம் வந்தது. எண்ணெய் தேய்த்துக் குளித்த குழந்தைக்குச் சாம்பிராணி போடப் பாட்டியும் இப்படித்தான் காத்திருப்பாள். தணல் மேல் சாம்பல் படர்ந்த பிறகுதான் பொடியைத் தூவுவாள். நீறு பூத்த நெருப்பு என்று நாம் பேச்சில் சொல்கிறோமே, அதன் அருமை பாட்டிக்கும் தெரிந்திருந்தது. பாரசீகம் படித்த மாஸ்டர்ஜிக்கும் தெரிந்திருந்தது.

மூன்றாவது பாடம் கங்கை வைப்பது. புகையிலையின் மேல் ஒரு சிறு தட்டை மூடி அதன் மேல்தான் கங்கை வைக்கவேண்டும். அந்தத் தட்டுக்குத் தவா என்று பெயர். முதலில் ஓரத்தில் சுற்றி வைக்கவேண்டும். நடுவில் வைத்தால் புகையிலை கருகிக் கசக்கும். ஹுக்காவில் புகையிலை எரியக்கூடாது, வேகவேண்டும். சாம்பல் தடித்துச் சூடு இறங்காமல் போனால் இடுக்கியால் மெல்லத் தட்டிவிட வேண்டும். காற்று பலமாக அடித்தால் 'சர்போஷ்' என்கிற துளையிட்ட மூடியைக் கவிழ்க்க வேண்டும். ஒரு சிலம் தீருகிற வரையில் கங்கிடமிருந்து கண்ணை எடுக்கலாகாது. மொத்தத்தில் ஹுக்கா குடிப்பவனுக்கு வேலை இல்லை. எல்லா வேலையும் கங்கு போடுகிறவனுக்குத்தான்.

இதனால்தான் அந்தக் காலத்துப் பிரபுக்கள் ஹுக்காவுக்கென்றே ஓர் ஆளை வைத்திருந்தார்கள். அவனுக்கு ஹுக்காபர்தார் என்று பெயர். 1779-ல் கல்கத்தாவில் கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸ் தம்பதிகள் ஒரு கச்சேரி விருந்துக்கு அனுப்பிய அழைப்பில், ஹுக்காபர்தாரைத் தவிர வேறு வேலைக்காரர்களை அழைத்து வரவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். ஜஹாங்கீர் 1617-லேயே புகையிலை கூடாது என்று உத்தரவு போட்டவர். உத்தரவு காகிதத்தில் தங்கிவிட்டது. ஹுக்கா இடம் பெயராமல் சபையில் தங்கிவிட்டது. மாஸ்டர்ஜி இதைச் சொல்லிவிட்டு, "பாதுஷாவால் முடியாதது என் மனைவியால் முடியுமா?" என்று உள்பக்கம் கேட்கும்படி சிரிப்பார். மாதாஜிக்கு ஹுக்கா பிடிக்காது. "புகையைத் தண்ணீரில் குளிப்பாட்டித்தானே உள்ளே விடுகிறேன்? அழுக்கெல்லாம் அங்கேயே நின்றுவிடும்" என்பது அவருடைய நிரந்தரமான பதில். எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

கடைசிப் பாடம் ஒன்று உண்டு. ஹுக்கா முடிந்த பிறகு, மிச்சக் கங்கோடு அங்கீட்டியை முற்றத்தின் நடுவில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். எத்தனை குளிரானாலும் அறைக்குள் கொண்டுபோகக் கூடாது. "கங்கு வானத்தைப் பார்க்க வேண்டும்" என்பார். ஏன் என்று கேட்டேன். "என் தகப்பனார் சொன்னார்" என்றார். வயதானவர்களின் சாஸ்திரங்களில் ஒன்று என்று நான் மனத்துக்குள் தள்ளிவிட்டேன்.

1966 ஜனவரி. லால் பகதூர் சாஸ்திரி தாஷ்கண்டில் காலமாகிச் சில நாட்களே ஆகியிருந்தன. ஊரே சுருண்டு கிடந்தது. அன்று இரவு குளிர் எலும்பைத் தேடிப் பிடித்தது. எனக்கு இருந்ததோ ஒரு மெல்லிய ரஜாய். பத்து மணிக்குக் கீழே இறங்கினேன். முற்றத்தில் அங்கீட்டி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. கங்குகள் அருமையாக நீறு பூத்திருந்தன. கறுப்பு இல்லை, புகை இல்லை, வாசனைகூட இல்லை. மாஸ்டர்ஜியின் கணக்குப்படியே பழுது சொல்ல முடியாத கங்கு. வானத்துக்குச் சூடு எதற்கு என்று நினைத்து மாடிக்குத் தூக்கிப் போனேன். கதவைத் தாழிட்டேன். ஜன்னல் இடுக்குகளில் பழைய செய்தித்தாளைத் திணித்தேன். கட்டிலின் பக்கத்தில் அங்கீட்டியை வைத்துக்கொண்டு ஒரு நாவலைப் பிரித்தேன்.

சுகமாக இருந்தது. அதுதான் பயங்கரம். சற்று நேரத்தில் தலையை வலித்தது. கண் கெட்டுவிட்டதோ என்று புத்தகத்தை மூடினேன். தண்ணீர் குடிக்க எழுந்திருக்கப் பார்த்தேன், கால் எழவில்லை. அதைப் பற்றி எனக்குக் கவலையும் இல்லை. எங்கேயோ தொலைவில் யாரோ கதவை இடிக்கிறார்கள். என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். எழுந்து திறக்கலாமே என்று தோன்றியது. திறக்காவிட்டால்தான் என்ன என்றும் தோன்றியது.

தாழ்ப்பாள் பழையது. அதனால் நான் பிழைத்தேன். அறுபத்தைந்து வயதைத் தாண்டிய மனிதர் தோளால் மோதி அதைப் பெயர்த்தெடுத்துவிட்டார். என் கக்கத்தில் கை கொடுத்து மொட்டைமாடிக்கு இழுத்துக்கொண்டு வந்தார். நான் வாந்தி எடுத்தேன். தம்முடைய ரஜாயை என் மேல் போட்டுவிட்டு, அந்தக் குளிரில் வெறும் சட்டையோடு என் தலைமாட்டில் உட்கார்ந்தார். "வானத்தைப் பார்த்துக்கொண்டு மூச்சு விடு, பேட்டா" என்று மாத்திரம் திரும்பத் திரும்பச் சொன்னார்.

வாசற்கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்க்க வந்தவர், முற்றத்தின் நடுவில் அங்கீட்டி இல்லாததைக் கவனித்திருக்கிறார். அவ்வளவுதான். வேறொருவர் மறுநாள் காலை கேட்டுக்கொள்ளலாம் என்று படுக்கப் போயிருப்பார்.

விடியற்காலையில் வாய் பேச வந்ததும் நான் சொன்னேன்: "நன்றாக நீறு பூத்த கங்குதானே, மாஸ்டர்ஜி? கொஞ்சம்கூடப் புகை இல்லையே!"

"புகை நல்லவன், பேட்டா" என்றார் அவர். "வருகிறேன் என்று சொல்லிவிட்டு வருவான்."

1971-ல் எனக்குச் சென்னைக்கு மாற்றலாயிற்று. சில வருஷங்கள் கடிதப் போக்குவரத்து இருந்தது. பிறகு ஒரு நாள் அவருடைய மகன் எழுதியிருந்தார்: மாஸ்டர்ஜி காலமாகிவிட்டார், கடைசி வருஷங்களில் மூச்சுத் திணறலால் படி ஏற முடியாமல் சிரமப்பட்டார், ஹுக்காவை மாத்திரம் விடவில்லை.

அதற்கும் வெகு நாட்களுக்குப் பிறகு, ஒரு நாவலுக்காகச் சுரங்க விபத்துகளைப் பற்றிப் படிக்க நேர்ந்தது. வெடித்த சுரங்கங்களில் செத்தவர்களில் பெரும்பாலோர் வெடியால் சாகவில்லை, கார்பன் மோனாக்ஸைடு என்ற வாயுவால் செத்தார்கள் என்று ஹால்டேன் என்னும் ஸ்காட்லாந்து விஞ்ஞானி 1896-ல் எடுத்துக்காட்டியிருக்கிறார். கரி போதிய காற்றில்லாமல் எரியும்போது பிறப்பது அது. நிறம் இல்லை, மணம் இல்லை. நம் ரத்தம் பிராணவாயுவைப் பற்றிக்கொள்வதைவிட இதை இருநூறு மடங்குக்கும் மேலாக இறுகப் பற்றிக்கொள்ளும். அங்கீட்டியில் நான் ரசித்த ஊதா ஜ்வாலை, அந்த வாயு எரியும் அழகுதான். நீறு பூத்த பிறகும் அது வந்துகொண்டே இருக்கும். அன்று இரவு என் கட்டிலின் பக்கத்தில் இருந்தது என்ன என்று அப்போதுதான் எனக்குப் பெயரோடு தெரிந்தது.

புத்தகத்தில் இன்னொன்றும் இருந்தது. இந்த வாயு தண்ணீரில் அநேகமாகக் கரைவதே இல்லை. அந்த வரியில் என் விரல் நின்றுவிட்டது. அப்படியானால் மாஸ்டர்ஜி குளிப்பாட்டி உள்ளே விட்டது எதை? என் அறையிலிருந்து எதை அவர் வெளியே இழுத்துப் போட்டாரோ, அதையே தினமும் மாலையில் தம் மார்புக்குள் இழுத்துக்கொண்டிருந்தார். கங்கை வெளுக்க வெளுக்கப் பக்குவம் பண்ணி அதற்கு உதவியவன் நான். 2005-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட ஆலோசனைக் குறிப்பும் இதையே சொல்லிற்று: தண்ணீர் வழியாக வந்தாலும் ஹுக்காப் புகையில் நஞ்சு உண்டு, அதில் கரியின் பங்கும் உண்டு. அவருடைய மூச்சுத் திணறலுக்குக் காரணம் இதுதான் என்று தீர்ப்புச் சொல்ல நான் வைத்தியன் அல்ல. ஆனால் அவர் எனக்குச் சொன்ன ஒரு வாக்கியம் என்னைப் பிழைக்கவைத்தது. நான் அவருக்குத் திருப்பிச் சொல்லவேண்டிய வாக்கியம் ஒன்று இருந்தது. அது என் கைக்கு வந்தபோது விலாசம் இல்லை.

சென்ற வருஷம் துபாயில் வேலையாக இருக்கும் என் பேரன் லீவில் வந்தான். பெட்டியிலிருந்து ஒரு சின்ன ஹுக்காவையும், அழகான அட்டைப்பெட்டியில் சதுரம் சதுரமாகக் கரியையும் எடுத்து வைத்தான். இரண்டை எடுத்துத் தட்டினேன். கிண் என்றது. மாஸ்டர்ஜி பார்த்திருந்தால் மெச்சியிருப்பார்.

"தேங்காய் ஓட்டுக் கரி, தாத்தா. நம்ம கொட்டாங்கச்சிதான்! மருந்து எதுவும் கலக்கவில்லை. கொஞ்சம்கூடப் புகை வராது" என்றான்.

"தெரியும்" என்றேன்.

அவன் அதை அறைக்குள் வைத்துப் பற்றவைக்கப் போனான். நான் எழுந்துபோய் எல்லா ஜன்னல்களையும் திறந்தேன். பிறகு அவனைக் கையைப் பிடித்து மொட்டைமாடிக்கு அழைத்துக்கொண்டு போய், பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, இந்தக் கதையை முதலிலிருந்து சொன்னேன். கேட்டுவிட்டு அவன் நெடுநேரம் பேசவில்லை. அன்று அவன் ஹுக்காவைப் பற்றவைக்கவில்லை. மறுநாள் என்ன செய்தான் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. சொல்லவேண்டிய வாக்கியத்தை இந்தத் தடவை காலத்தில் சொல்லிவிட்டேன்.