விடிய விடியப் பாட்டு: சீத்தா கேம்பிலிருந்து தாதருக்கு

டிசம்பர் 5ஆம் தேதி மாலையில் சீத்தா கேம்பிலிருந்து மான்கூர்ட் ரயில் நிலையத்துக்குப் போகும் பஸ்ஸிலோ ஷேர் ஆட்டோவிலோ ஏறினால் ஒரு வித்தியாசம் தெரியும். வெள்ளைச் சேலைகள், வெள்ளைச் சட்டைகள், மடியில் போர்வையும் சப்பாத்திப் பொட்டலமும் திணித்த பைகள். மராத்திப் பேச்சுக்கு நடுவே திருநெல்வேலித் தமிழும் காதில் விழும். எல்லாரும் போவது ஒரே இடத்துக்குத்தான்: தாதர் கடற்கரையில் இருக்கும் சைத்யபூமி. 1956 டிசம்பர் 6 அன்று தில்லியில் காலமான டாக்டர் அம்பேத்கரின் உடல் மறுநாள் எரியூட்டப்பட்ட இடம் அது. ஒவ்வோர் ஆண்டும் அந்த நினைவு நாளுக்கு மகாராஷ்டிரத்தின் மூலைமுடுக்குகளிலிருந்து லட்சக்கணக்கானவர்கள் வந்து, பக்கத்திலிருக்கும் சிவாஜி பார்க் மைதானத்தில் தங்குகிறார்கள். தங்குகிறவர்களில் பலர் தூங்குவதில்லை. பாடுகிறார்கள்.

திறந்தவெளியில் நாட்டுப்புற இசை கேட்க வேண்டும் என்றால் சுற்றுலாக்காரர்கள் ஜோத்பூர் கோட்டையில் அக்டோபர் பௌர்ணமியை ஒட்டி நடக்கும் விழாவைச் சொல்வார்கள். கொஞ்சம் விஷயம் தெரிந்தவர்கள், பொங்கல் சமயத்தில் வங்காளத்தின் அஜய் ஆற்றங்கரையில் கெந்துலி கிராமத்தில் கூடும் பாவுல் மேளாவைச் சொல்வார்கள். சிவாஜி பார்க்கை யாரும் சொல்வதில்லை. அதில் ஒரு நியாயம் உண்டு. இது விழா அல்ல, துக்க நாள். ஆனால் டிக்கெட் இல்லாமல், ஒரே இரவில், இத்தனை பாட்டுக் குழுக்களை இவ்வளவு அருகில் உட்கார்ந்து கேட்கக்கூடிய இடம் நாட்டில் அதிகம் இல்லை.

சீத்தா கேம்ப் தமிழர்களுக்கு இந்தப் பாட்டு புதிதல்ல. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 மே 17 அன்று, பாபா அணு ஆராய்ச்சி மையத்தை ஒட்டியிருந்த ஜனதா காலனி இடித்துத் தள்ளப்பட்டது. அங்கே இருந்த சுமார் 70,000 பேர் டிராம்பேயின் சதுப்பு நிலத்துக்கு அனுப்பப்பட்டார்கள். அந்தச் சதுப்பு நிலம்தான் சீத்தா கேம்ப். காலனியைக் காப்பாற்ற ஆண்டுக்கணக்கில் போராடியவர் கோலார் தங்கவயலிலிருந்து பம்பாய்க்கு வந்த தமிழர் ஜோக்கின் அற்புதம். 2000இல் அவருக்கு மகசாய்சாய் விருது கிடைத்தது. அன்று பெயர்த்தெடுத்து நடப்பட்டவர்களில் தமிழரும் மராத்தியரும் முஸ்லிம்களும் கலந்திருந்தார்கள். அதனால் பக்கத்துச் சந்தில் ஒலிக்கும் பீம்கீத் தமிழ் வீட்டுப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். பலருக்குப் பொருள் தெரியாமலே மனப்பாடம்! பொருள் தெரிந்துகொள்ள விரும்புகிறவர் போக வேண்டிய இடம் டிசம்பர் 5 இரவின் சிவாஜி பார்க்.

ஏப்ரல் 14 போதாதா என்று கேட்கலாம். போதாது. அம்பேத்கர் பிறந்தநாள் கொண்டாட்டம்; செம்பூரிலும் டிராம்பேயிலும் ஊர்வலம், ஆட்டம், லாரி மேல் அடுக்கிய ஒலிபெருக்கிகள். ஆடுவதற்குத் தோதான நாள், கேட்பதற்கு அல்ல. டிஜே வந்த பிறகு டோல்கியின் சத்தமே அதில் அமுங்கிப்போய்விட்டது. பாட்டின் சொற்கள் நெஞ்சில் அதிர்கின்றனவே தவிர, காதில் விழுவதில்லை. டிசம்பர் 6க்கு அந்த இரைச்சல் பொருந்தாது என்று வருகிறவர்களுக்கே தெரியும்.

போவதற்கு உகந்த நேரம் 5ஆம் தேதி இரவு எட்டு மணிக்கு மேல். மறுநாள் பகலில் போகிறவர்கள் கூட்டத்தையும் வரிசையையும் அரசியல் கட்சிகளின் பேனர்களையும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். மான்கூர்ட்டில் ஹார்பர் ரயில் ஏறி, குர்லாவில் மாறி, தாதரில் இறங்குவது வழக்கமான வழி. அன்று தாதர் மேம்பாலத்தின் நெரிசல் குழந்தைகளோடு வருகிறவர்களுக்கு ஏற்றதல்ல. அதைவிட, வடாலாவில் மாறி கிங்ஸ் சர்க்கிள் வழியாக மாஹிமுக்குப் போய், அங்கிருந்து தெற்கே நடப்பது நல்லது. நடை கூடுதல்தான், ஆனால் மூச்சு விடலாம். 2025 மே முதல் மெட்ரோ 3ஆம் தடத்திலும் தாதர், சீத்லாதேவி நிலையங்கள் இருக்கின்றன. சொந்த வண்டியில் போகும் யோசனையை விட்டுவிட வேண்டும். மைதானத்தைச் சுற்றியுள்ள சாலைகளில் போக்குவரத்தைத் திருப்பிவிடுவார்கள்.

சுமை குறைவாக இருக்கட்டும். விரித்து உட்கார ஒரு துணி, பின்னிரவுக் குளிருக்கு ஒரு சால்வை, தண்ணீர் பாட்டில், செருப்பைப் போட்டுக்கொள்ள ஒரு பை. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு கைக்குட்டை: சிவாஜி பார்க்கின் செம்மண் புழுதி மும்பை முழுக்கப் பிரசித்தம், லட்சம் கால்கள் மிதித்த பிறகு அது மூக்கைத்தான் தேடி வரும். செல்போன் தொடர்பு அவ்வப்போது அறுந்துபோகும் என்பதால் சந்திக்கும் இடத்தை முன்னதாகவே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். குழந்தைகளின் சட்டைப்பையில் பெயரும் போன் நம்பரும் எழுதிய சீட்டு ஒன்று. பத்து, இருபது ரூபாய் நோட்டுகள் தாராளமாக வேண்டும். எதற்கு என்பது பின்னால் வருகிறது.

மைதானத்துக்குள் நுழைந்ததும் மின்விளக்கும் மேடையும் இருக்கும் பக்கமே கால் இழுக்கும். அங்கே கொஞ்ச நேரம் நின்றால் போதும். நல்ல பாட்டு இருட்டான ஓரங்களில் இருக்கிறது. ஏதோ ஒரு மாவட்டத்துக் கிராமத்தார் வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் ஒரு டோல்கி, ஒரு ஹார்மோனியம், சில சமயம் ஒற்றைத் தந்தி துண்துணே. வட்டத்தின் ஓரமாக உட்கார்ந்து 'ஜெய்பீம்' என்றால் இடம் தருவார்கள். ஊர் எது என்று கேட்பார்கள். சீத்தா கேம்ப் என்று சொன்னால், அங்கே ஒரு சொந்தக்காரர் இருப்பதாக யாராவது சொல்லக்கூடும்.

மராத்தி அரைகுறையாகத் தெரிந்தாலும் கேட்க முடியும், பாட்டின் கட்டு தமிழர்களுக்குப் பழக்கமானது என்பதால். ஷாஹீர் எனப்படும் தலைப்பாடகர் ஓர் அடியைச் சொல்ல, பின்னால் நிற்பவர்கள் அதை வாங்கி 'ஜீ ஜீ' என்று இழுப்பார்கள். வில்லுப்பாட்டில் 'ஆமா' போட்டு வளர்ந்த நெல்லைக்காரருக்கு இதைவிட விளக்கம் தேவையில்லை. கவ்வாலி மெட்டில் அமைந்த பாட்டுகளில் ஓர் அடியே நான்கைந்து முறை திரும்பி வரும். முதல் முறை புரியாதது மூன்றாம் முறை புரியும். கடைசிச் சரணத்தில் காதைக் கூர்மையாக்கிக்கொள்ள வேண்டும். நம் கீர்த்தனைகளில் வரும் முத்திரை போல, பாட்டுக் கட்டியவரின் பெயர் அங்கேதான் வரும். 'வாமன்' என்று கேட்டால் அது வாமன்தாதா கர்டக். 1922இல் நாசிக் மாவட்டத்தில் பிறந்தவர். வளர்ந்த பிறகு மும்பையில்தான் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றார். 2004இல் இறப்பதற்குள் அவர் கட்டிய பாட்டுகள் ஆயிரக்கணக்கில். ஏட்டில் இருப்பதைவிட இந்த மைதானத்துக்கு வருகிறவர்களின் வாயில் அதிகம்.

இதற்கும் முந்தைய தலைமுறை உண்டு. 1930களில் பீம்ராவ் கர்டக் போன்றவர்கள் தமாஷாக் கூத்தின் உருவத்தை எடுத்துக்கொண்டு, சாமி கும்பிடும் பகுதியையும் சிருங்காரத்தையும் கழித்துவிட்டு, தீண்டாமையைப் பற்றிய ஜல்சாவாக மாற்றினார்கள். தன்னுடைய பத்துக் கூட்டங்களுக்கு ஒரு ஜல்சா சமம் என்று அம்பேத்கர் சொன்னதாகப் பாடகர்கள் இன்றும் பெருமையோடு நினைவுகூர்கிறார்கள். பத்திரிகை படிக்கத் தெரியாதவர்களுக்கு மகாட் சத்தியாகிரகமும் நாக்பூர் மதமாற்றமும் இந்த வழியாகத்தான் போய்ச் சேர்ந்தன.

ஹல்கியை எங்காவது அடிக்கக் கண்டால் சீத்தா கேம்ப்காரர் கட்டாயம் நிற்க வேண்டும். வட்டச் சட்டத்தில் தோல் போர்த்தி, ஒரு கையில் தடித்த குச்சியும் மறு கையில் மெல்லிய குச்சியும் கொண்டு அடிக்கும் இந்தக் கருவி நம் பறையின் உடன்பிறப்பு. அதன் கதையும் பறையின் கதைதான். கிராமத்தில் சாவுச் செய்தி சொல்லப் போவதும் செத்த மாட்டைத் தூக்குவதும் மகர்களின் கட்டாய வேலையாக இருந்தன. தோல் கருவி அடிப்பது மாங் சாதியின் தலையில் விழுந்தது. அடிமை வேலை என்று அதை உதறுவதா, நம் கலை என்று கையில் எடுப்பதா என்ற கேள்வி தமிழ்நாட்டில் பறையைச் சுற்றி எழுந்தது போலவே இங்கேயும் எழுந்தது. இரண்டு பக்கத்துக்கும் வலுவான காரணங்கள் இருக்கின்றன. வேடிக்கை பார்க்க வந்தவர் 'ஆடு, ஆடு' என்று கைதட்டி உசுப்பேற்றாமல் இருப்பது, அந்தக் கேள்விக்குக் காட்டும் குறைந்தபட்ச மரியாதை.

சில பாட்டுகளில் சிரிப்பு வரும், சிலவற்றில் கூட்டம் சட்டென்று அடங்கிப்போகும். காட்கோபர் ரமாபாய் நகரில் 1997 ஜூலை 11 அன்று அம்பேத்கர் சிலைக்குச் செருப்பு மாலை போடப்பட்டதை எதிர்த்துத் திரண்டவர்கள் மீது போலீஸ் சுட்டதில் பத்துப் பேர் இறந்தார்கள். அதைத் தாங்காமல் நான்கு நாட்களில் தூக்குப் போட்டுக்கொண்டவர் விலாஸ் கோக்ரே என்ற பாடகர். ஆனந்த் பட்வர்தனின் 'ஜெய்பீம் காம்ரேட்' ஆவணப்படம் அவருடைய சாவிலிருந்துதான் தொடங்குகிறது. சீத்தா கேம்பிலிருந்து அந்த இடம் சில கிலோமீட்டர் தூரம். மைதானத்தில் அவர் பெயர் அடிபடும்போது கேமராவை உயர்த்துவது அசிங்கம். பொதுவாகவே கேட்டுவிட்டுத்தான் படம் எடுக்க வேண்டும். பாடுகிறவர்கள் மறுப்பது அபூர்வம், தூங்குகிறவர்களைப் படம் எடுப்பதை யாரும் விரும்புவதில்லை.

இனி அந்தச் சில்லறை நோட்டுகள். பாட்டு பிடித்தால் எழுந்து போய்ப் பாடகர் கையில் ஒரு நோட்டைக் கொடுப்பது வழக்கம். பத்து ரூபாயும் கௌரவம்தான். மீதி புத்தகக் கடைகளுக்கு. மைதானத்தைச் சுற்றி நடைபாதை முழுவதும் புத்தகங்கள்தான். மராத்தியும் இந்தியும் மிகுதி. கேசட்டும் சிடியும் விற்ற காலத்தில் பாட்டுத் தொகுப்புகளும் இங்கேதான் வாங்கப்பட்டன. கூலி வேலை செய்யும் பெண்கள், தங்களுக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும் பிள்ளைக்காகப் புத்தகம் பொறுக்கி எடுப்பதைப் பார்க்கலாம். சாப்பாட்டுக்குச் செலவில்லை. பல அமைப்புகளும் ஊழியர் சங்கங்களும் இலவசமாகத் தருகின்றன, மாநகராட்சி தண்ணீர், கழிப்பறை, மருத்துவ வசதி செய்கிறது. உண்ணக்கூடிய அளவு மட்டும் வாங்கி, இலைத்தட்டைத் தொட்டியில் போட வேண்டும். மறுநாள் குப்பையைக் காட்டி மூக்கைப் பிடிக்கும் நகரம் இது. கிரிக்கெட் கோப்பை ஊர்வலத்தின் குப்பைக்கு அந்த மூக்கு அவ்வளவு சுருங்குவதில்லை. 2010இல் மும்பை உயர் நீதிமன்றம் சிவாஜி பார்க்கை அமைதி மண்டலமாக்கியபோது விலக்குப் பெற்ற மிகச் சில நாட்களில் டிசம்பர் 6 ஒன்று என்பதையும் குறை சொல்கிறவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

ஸ்தூபியைத் தரிசிக்கும் வரிசை தனிக்கதை. பல மணி நேரம் நிற்க வேண்டும். முதியவர்களோடு போகிறவர்கள் பாட்டை முன்னிரவில் கேட்டுவிட்டுப் பின்னிரவில் வரிசையில் சேர்வது நல்லது. வரிசை வேண்டாமென்றால், தாதர் கிழக்கில் இந்து காலனியில் இருக்கும் அம்பேத்கரின் வீடான ராஜ்கிருகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம்.

அந்த ஒரு இரவுக்கு மட்டும் மத்திய ரயில்வே நள்ளிரவுக்குப் பிறகும் சிறப்பு லோக்கல்கள் விடுவதுண்டு. குர்லாவிலிருந்து வாஷி, பன்வேல் பக்கம் போகும் வண்டிகள் மான்கூர்ட்டில் நிற்கும். நேரம் ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால் கிளம்புவதற்கு முன் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அவற்றைத் தவறவிட்டவர்களுக்கு விடியற்காலை முதல் வண்டி இருக்கிறது. அதில் உட்கார இடம் தாராளம். எதிர்த்திசையில் தாதருக்குப் போகும் வண்டிகளில்தான் கதவு வரை ஆட்கள் தொங்கிக்கொண்டிருப்பார்கள்.