மொட்டை மாடி ஷீட் ரூமில் ஃபோம் ஒட்டியிருக்கிறீர்களா? இதைக் கவனியுங்கள்!

சித்திரை மாத மதியத்தில் மொட்டை மாடி ஷீட் ரூமுக்குள் பத்து நிமிடம் உட்கார்ந்தவர்களுக்கு அந்த அனல் தெரியும். ஃபேன் போட்டாலும் சூடான காற்றுதான் இறங்கும். அதனால்தான் பல வீடுகளில் ஷீட்டுக்கு அடியில் தெர்மாகோலோ ஃபோமோ ஒட்டிவிடுகிறார்கள். சூடு குறைவது உண்மைதான். ஆனால் 'எவ்வளவு கூலிங் கிடைக்கும்?' என்று கேட்பவர்கள், 'தீப்பிடித்தால் என்ன ஆகும்?' என்று கேட்பதில்லை.

ஈரோடு பக்கம் ஒரு குடும்பம். மகன் போட்டித் தேர்வுக்குப் படிக்க வேண்டும் என்று மாடியில் ஷீட் ரூம் போட்டார்கள். அடியில் அலுமினியத் தாள் ஒட்டிய ஃபோம். பளபளவென்று இருந்ததால் அது தீப்பிடிக்காது என்று அப்பா நம்பினார். இரண்டாவது கோடையில் லைட் விட்டுவிட்டு எரிந்தது. பார்க்க வந்த எலெக்ட்ரீஷியன் ஃபோமைக் கொஞ்சம் கிழித்தார். உள்ளே ஒயர் ஜாயின்ட் லூஸாகி, சுற்றியிருந்த ஃபோம் உருகிக் கருகியிருந்தது.

"ஒயரெல்லாம் ஃபோமுக்குள்ள புதைஞ்சு கிடக்குதுங்கண்ணா. சூடு வெளியே போக வழியே இல்லீங்க."

"மேல சில்வர் பேப்பர் இருக்குதே தம்பி?"

"அது வெயில் சூட்டைத் தடுக்கத்தானுங்க. உள்ள இருக்கிறது பிளாஸ்டிக்குங்கண்ணா."

அன்று இரவு மகன் கீழே ஹாலில் படுத்தான்.

எலெக்ட்ரீஷியன் சொன்னதுதான் விஷயமே. தெர்மாகோல் என்பது பாலிஸ்டைரின் என்ற பிளாஸ்டிக். தண்ணீர் கொதிக்கும் சூட்டிலேயே இளகிவிடும். தீப்பிடித்தால் எரியும் சொட்டுகளாகக் கீழே விழும். கீழே இருப்பதோ பாயும் மெத்தையும். பாலியூரித்தேன் ஃபோம் எரிந்தால் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் கலந்த கறுப்புப் புகை வரும். தாழ்வான கூரை, ஒரே கதவு, குறுகலான படிக்கட்டு உள்ள ரூமில் தீயைவிடப் புகையே முதல் எமன்.

2003 பிப்ரவரி 20 அன்று அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில், 'தி ஸ்டேஷன்' என்ற இரவு விடுதியில் இதுதான் நடந்தது. சத்தத்தைக் குறைக்க மேடையைச் சுற்றி ஒட்டியிருந்த ஃபோமில் மத்தாப்புப் பொறி பட்டது. சில நிமிடங்களில் கட்டடம் முழுவதும் தீ. இறந்தவர்கள் 100 பேர்.

அங்கே வீடுகளில் சாய்வான மரக் கூரைக்கு அடியில், பரண் போன்ற இடத்தில் ஃபோம் அடிப்பது சகஜம். ஆனால் ஆட்கள் புழங்கும் அறையில் அதை வெறுமனே விடக் கூடாது. அரை அங்குல ஜிப்சம் போர்டு போன்ற ஒன்றால் மூட வேண்டும் என்பது பொதுவான கட்டட விதி. ஜிப்சத்துக்குள் இயற்கையாகவே நீர் பிணைந்திருக்கிறது. சூடு ஏறும்போது அது ஆவியாகி, தீ ஃபோமைத் தொடுவதைத் தாமதப்படுத்தும். அந்தச் சில நிமிடங்களில்தான் தூங்குபவர் எழுந்து படியிறங்க முடியும்.

நம் வீட்டில் என்ன செய்யலாம்?

* ஃபோம் வெளியே தெரிந்தால் ஜிப்சம் போர்டு அடித்து மூடுங்கள். அலுமினியத் தாள் அதற்கு மாற்று அல்ல.
* ஒயரை ஃபோமுக்குள் புதைக்காதீர்கள். பைப்புக்குள் விட்டு, வெளியே தெரியும்படி கொண்டு வாருங்கள். ஜாயின்ட்டுக்குத் தனி பாக்ஸ் வையுங்கள்.
* 'எஃப்ஆர்' என்று போட்டிருந்தால் தீ பிடிக்கத் தாமதமாகும் என்றுதான் அர்த்தம். எரியவே எரியாது என்று அல்ல.
* ஷீட்டில் வெல்டிங் வேலை என்றால் முதலில் அந்த இடத்து ஃபோமை எடுத்துவிடுங்கள்.
* கொசுவத்தி, விளக்கு, இ-ஸ்கூட்டர் பேட்டரி சார்ஜிங் எதுவும் அந்த ரூமில் வேண்டாம்.
* ஒரு புகை அலாரம் மாட்டுங்கள். படிக்கட்டில் பழைய சாமான்களை அடைக்காதீர்கள்.

இனிமேல்தான் ரூம் போடப் போகிறீர்கள் என்றால், ஷீட்டின் மேல்பக்கம் வெயிலைத் திருப்பும் வெள்ளை பெயின்ட் அடித்துப் பாருங்கள். அதிலேயே சூடு கணிசமாகக் குறையும். அதன் பிறகும் ஃபோம் தேவை என்றால், போர்டு செலவையும் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள். அந்த ரூமில் படுப்பது பெரும்பாலும் படிக்கும் பிள்ளையோ, ஊரிலிருந்து வந்த தாத்தாவோதான். வெயிலுக்கு அவர்களைக் காப்பாற்றினால் மட்டும் போதாது.