ஜவ்வாது ஏறிய அம்பாசிடர்கள்

திருவண்ணாமலைக்காரர்களுக்கு மலை என்றால் சுற்றி வருவது. 14 கிலோமீட்டர், வெறுங்கால், மலை எப்போதும் வலக்கைப் பக்கம். தீபத்தை ஒட்டிய நாட்களைத் தவிர உச்சிக்குப் போக வேண்டும் என்ற எண்ணம்கூட எங்களில் பலருக்கு வராது. கார் வைத்துக்கொண்டு ஏறிப்போகிற மலை வேறு. அது வடமேற்கே, மழை விட்ட மறுநாள் மொட்டைமாடியில் நின்றால் நீலமாகத் தெரிகிற ஜவ்வாது.

நான் சொல்வது எங்கள் ஊர் வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்த காலம். 1989 செப்டம்பர் 30ஆம் தேதி தனி மாவட்டமானோம். அதுவரை கலெக்டரைப் பார்க்க வேண்டுமானால் வேலூருக்குத்தான் பஸ் ஏற வேண்டும். அப்பா ஒரு புளி மண்டியில் கணக்கு எழுதினார். மாசி, பங்குனியில் மலைப்புளி இறங்குகிற சமயம் முதலாளி விலை பேச ஜமுனாமரத்தூர் போவார். நோட்டுப் புத்தகத்தோடு அப்பாவும் போவார். பள்ளி இல்லாத நாளாக இருந்தால் பின் சீட்டில் நானும் ஒட்டிக்கொள்வேன். வண்டி எப்போதும் வாடகை அம்பாசிடர்தான். டாக்சி ஸ்டாண்டில் அவை வரிசையாக நிற்கும். எல்லா டிரைவர்களும் மலைக்கு வண்டி எடுக்க மாட்டார்கள். மலை ஓட்டத் தெரிந்தவர்கள் என்று சிலர் இருந்தார்கள். அவர்களுக்கு ஸ்டாண்டில் தனி மரியாதை. எங்களை வழக்கமாக அழைத்துப் போனவரை எல்லாரும் ‘பெரிய டிரைவர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். முதலாளிகூட அவரை ‘வாங்க, போங்க’ என்றுதான் பேசுவார்.

அவருடைய முதல் கட்டளை வயிற்றைப் பற்றியது. “மொட்ட வயித்தோட ஏறாத, முட்ட முட்டத் தின்னுட்டும் ஏறாத.” இரண்டு இட்லி, அதோடு நிறுத்தம். கையில் ஒரு எலுமிச்சம்பழம். குமட்டுகிற பையன்களை முன்னால் உட்கார வைத்து, “ரோட்டப் பாரு, அடுத்த வளைவு எந்தப் பக்கம் திரும்பும்னு எங்கிட்ட சொல்லிக்கினே வா” என்பார். அது விளையாட்டு என்று நினைத்திருந்தேன். உள்காதில் இருக்கிற சமநிலை உறுப்பு உடம்பு அசைகிறது என்கிறது. குனிந்து படித்துக்கொண்டிருக்கிற கண்ணோ எதுவும் அசையவில்லை என்கிறது. இந்தச் சண்டைதான் குமட்டல் என்று பிற்பாடு படித்தபோது அவர் நினைவுதான் வந்தது. வளைவை முன்கூட்டியே எதிர்பார்ப்பதால்தான் ஓட்டுகிறவருக்கு வாந்தி வருவதில்லை. அதே எதிர்பார்ப்பை அவர் எங்களுக்கும் பழக்கிவிட்டார். இன்று பின் சீட்டில் செல்போனைக் குனிந்து பார்த்தபடி மலை ஏறுகிற பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது.

போளூர் தாண்டி அத்திமூர்ப் பக்கம் போனதும் தரை மேடாகத் தொடங்கும். அடிவாரத்தில் ஒரு முனீஸ்வரன். அங்கே நிற்காமல் எந்த வண்டியும் ஏறாது. கற்பூரம் ஏற்றிவிட்டுப் பெரிய டிரைவர் வண்டியை ஒரு சுற்று சுற்றி வருவார். டயரை மிதித்துப் பார்ப்பார். பானெட்டைத் திறந்து ரேடியேட்டர் தண்ணீரைப் பார்ப்பார். பிரேக்கை நாலைந்து தரம் அழுத்துவார். சாமிக்கு ஏற்றிய கற்பூரம் அணைவதற்குள் இன்ஜினும் கொஞ்சம் ஆறியிருக்கும். பக்தியையும் பராமரிப்பையும் யார் இப்படிச் சேர்த்து வைத்தார்களோ, அவர்களுக்கு மலைச்சாலை நன்றாகத் தெரிந்திருக்கிறது.

பழைய அம்பாசிடருக்கு கியர் ஸ்டியரிங்கை ஒட்டி இருக்கும். கொண்டை ஊசி வளைவுக்கு முன்பே அவர் இரண்டாவது கியருக்கு இறக்கிவிடுவார். வளைவுக்குள் போன பிறகு கை கியரிடம் போகாது. வேகத்தைக் குறைப்பது வளைவுக்கு முன்னால், வேகம் கொடுப்பது வளைவு நிமிரும்போது. திரும்பிக்கொண்டிருக்கும்போது பிரேக் மிதிப்பவனை அவர் டிரைவர் என்றே ஒப்புக்கொள்ள மாட்டார். வளைவு வருவதற்கு முன் ஒரு நீண்ட ஹாரன். அதற்கப்புறம்தான் முக்கியமான வேலை: காதைக் கொடுத்துக் கேட்பது. எதிரே இருந்து பதில் ஹாரன் வருகிறதா, லாரி முக்குகிற சத்தம் வருகிறதா என்று வண்டிக்குள் எல்லாரும் பேச்சை நிறுத்திக் கேட்போம். கண்ணாடியை ஏற்றி வைக்க விடமாட்டார். வளைவுகளில் குவியாடி நட்டு வைக்காத காலத்தில் காதுதான் கண்ணாடி.

ஏறுவதைவிட இறங்குவதைப் பற்றித்தான் அவர் அதிகம் பேசுவார். “ஏர்றப்போ எந்த கியரோ, எறங்குறப்பவும் அதே கியரு” என்பது அவருடைய வேதம். அந்தக் கால வண்டிகளுக்கு டிரம் பிரேக். இறக்கம் முழுக்க காலை எடுக்காமல் மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் சூடேறி, கடைசி வளைவுகளில் மிதி உள்ளே போகும், வண்டி நிற்காது. தாழ்ந்த கியரில் விட்டால் இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். பிரேக்கை வேண்டிய இடத்தில் மட்டும் தொட்டு எடுத்தால் போதும். பெட்ரோலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் உருட்டி வருகிறவர்களைக் கண்டால் அவர் முகம் கறுத்துவிடும். டிஸ்க் பிரேக் வந்தும், ஆட்டோமேட்டிக் கியர் வந்தும், இந்த விஷயம் மாறவில்லை. இப்போதைய கார்களிலும் இறக்கத்துக்கென்று தாழ்ந்த கியர் வைத்திருக்கிறார்கள். பாதிப் பேர் அதைத் தொட்டுக்கூடப் பார்ப்பதில்லை.

இன்னொன்று உண்டு. இரண்டு வண்டி ஒதுங்க முடியாத இடத்தில், ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி நின்று வழி விட வேண்டும். இது நாட்டின் சாலை விதிகளிலேயே இருக்கிறது. ஆனால் மலை டிரைவர்கள் அதை விதியாக ஒருநாளும் சொன்னதில்லை. “பாரம் சுமக்கிறவன் அவன்” என்பார்கள். ஏற்றத்தில் நின்ற வண்டியை மறுபடி கிளப்புவது எவ்வளவு பாடு என்று இருவருக்கும் தெரியும். இறங்குகிறவர் ஓரம் கட்டி, தேவைப்பட்டால் பின்னால்கூட எடுப்பார். கடந்து போகும்போது ஏறுகிறவர் கையைத் தூக்குவார். சில சமயம் இரண்டு வண்டியும் ஜன்னலோடு ஜன்னலாக நின்று செய்தி பரிமாறிக்கொள்ளும். மேலே எங்கே கல் சரிந்திருக்கிறது, எந்த வளைவில் மாடு படுத்திருக்கிறது, யார் வீட்டில் சாவு.

ரேடியேட்டர் கொதித்தால் நின்றுதான் ஆக வேண்டும். அந்த நிறுத்தங்கள்தான் என் நினைவில் அதிகம் இருக்கின்றன. பானெட்டைத் திறந்துவிட்டு, பின் சக்கரத்துக்குக் கல் கொடுத்துவிட்டு, எல்லாரும் இறங்குவோம். “வளைவுல நிறுத்தாத, வளைவு தாண்டி நேர்ல நிறுத்து” என்பதால் நின்ற இடமெல்லாம் பள்ளத்தாக்கைப் பார்த்தபடி இருக்கும். கீழே ஏரிகள் வெயிலில் மின்னும். தெற்கே அண்ணாமலை தனியாக நிற்கும். ஊருக்குள் அண்ணாந்து பார்த்தே பழகிய மலையை அங்கிருந்து சிறியதாகப் பார்ப்பது எனக்குத் தாங்க முடியாத சந்தோஷம். கடுக்காய் மரம் எது, மூங்கில் எப்போது பூக்கும், கரடி எங்கே தண்ணீர் குடிக்க வரும் என்று டிரைவர் சொல்வார். தலைச்சுமையோடு போகிற மலையாளிப் பழங்குடிக்காரர்கள் எங்களைப் பார்த்து நிற்பார்கள். இடம் இருந்தால் பெரிய டிரைவர் முதலாளியைக் கேட்காமலே ஏற்றிக்கொள்வார். ஒருமுறை அப்படி ஏறிய அம்மா சாமையும் ஒரு கட்டி தேனடையும் கொடுத்தது. சாமைச் சோற்றின் ருசியை நான் முதலில் அறிந்தது அந்த வாரம்தான்.

சந்தன மரத்தையும் அவர்தான் காட்டினார். ஜவ்வாதுச் சந்தனம் ஒரு காலத்தில் பேர்பெற்றது. வெட்டிய கட்டைகள் திருப்பத்தூர் அரசுக் கிடங்குக்குப் போகும். திருட்டு வெட்டு காட்டைத் தின்றுவிட்டது. என் பிள்ளைகளுக்கு அந்தச் சாலையில் நின்று நான் சந்தன மரம் காட்டியதில்லை.

திரும்பும்போது சில நாள் ஆலங்காயம் வழியாக இறங்குவார், முதலாளிக்கு அந்தப் பக்கம் வசூல் இருந்தால். வழியில் காவலூர் வான் ஆய்வகம். 1977இல் யுரேனஸ் கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பதை உலகம் அறிந்தபோது அதைக் கண்டவர்களில் காவலூர்க்காரர்களும் உண்டு. 1986இல் 2.34 மீட்டர் தொலைநோக்கியை ராஜீவ் காந்தி வந்து தொடங்கிவைத்தார். ஆய்வகம் நெருங்கினால் டிரைவர் விளக்கைத் தாழ்த்திவிடுவார். “உள்ள படிக்கிறாங்கோ” என்பார், தேர்வுக்குப் படிக்கிற பிள்ளை இருக்கும் வீட்டைக் கடப்பதுபோல. கொஞ்ச தூரம் தள்ளி, அகலமான இடத்தில் நிறுத்தி, விளக்கை முழுக்க அணைப்பார். அவ்வளவு நட்சத்திரங்களை அதன் பிறகு நான் எங்கும் பார்த்ததில்லை.

மலைவழிக்கு யோசனை சொல்வது எங்கள் வட்டாரத்துக்குப் புதிதல்ல. பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம் இந்த மலைகளுக்கான வழிகாட்டிதான். செங்கத்தில், அன்றைய செங்கண்மாவில், ஆண்ட நன்னனிடம் பரிசில் பெறப் போகிற கூத்தர்களுக்குப் பெருங்கௌசிகனார் வழி சொல்கிறார். 583 அடிகள். பன்றிக்கு வைத்த பொறி இருக்கும், பார்த்துப் போங்கள். தினைப்புனக் காவலர் யானையை விரட்டக் கவண்கல் வீசுவார்கள், மரத்துக்குப் பின்னால் ஒதுங்குங்கள். பாசி படர்ந்த இடம் வழுக்கும், கொடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். பாதை பிரிகிற இடத்தில் பின்னால் வருகிறவர்களுக்காகப் புல்லை முடிந்து அடையாளம் வையுங்கள். வழி தவறிவிட்டால் அலைய வேண்டாம், அகன்ற பாறையில் ஏறி உங்கள் வாத்தியங்களை வாசியுங்கள். சத்தம் கேட்டுக் கானவர் வந்து பழம் கொடுத்து வழிகாட்டுவார்கள். இதைக் கல்லூரியில் படித்தபோது எனக்கு உரை தேவைப்படவில்லை. வளைவில் ஹாரன் அடித்துவிட்டுக் காத்திருந்தவரின் குரல் அதில் கேட்டது. அந்தப் பாட்டில் வருகிற சேயாறு, ஜவ்வாதில் பிறந்து வருகிற எங்கள் செய்யாறுதான்.

அம்பாசிடர் தயாரிப்பு 2014இல் நின்றது. டாக்சி ஸ்டாண்டில் அதற்கு முன்பே வேறு வண்டிகள் வந்துவிட்டன. பெங்களூர் சாலையை அகலப்படுத்தியபோது இருபக்கமும் கூரை போட்டிருந்த புளியமரங்கள் போயின. பெரிய டிரைவரும் போய்ச் சேர்ந்தார். ஜவ்வாதுச் சாலை இப்போது வழவழவென்று இருக்கிறது. அதில் எனக்கு வருத்தமே கிடையாது. பிள்ளைவலி கண்ட பெண்ணைக் கம்பில் கட்டிய துணித்தொட்டிலில் சுமந்து இறக்கிய மலை அது; இன்னும் சாலை போகாத குக்கிராமங்கள் அங்கே உண்டு, அங்கும் சாலை வர வேண்டும். நான் ஏங்குவது அந்தச் சாலையில் போனவர்களின் பொறுமைக்கு. இப்போது விடுமுறை நாட்களில் பீமன் அருவிக்கும் கோமுட்டேரிப் படகுத்துறைக்கும் கார்கள் வரிசையாக ஏறுகின்றன. கண்ணாடி ஏற்றியிருக்கிறது, உள்ளே பாட்டு. எதிரே வருகிறவனின் ஹாரன் கேட்காது. ஏற்றத்தில் முக்கி வருகிற மினிபஸ்ஸை மறித்துக்கொண்டு, இறங்குகிற கார் விளக்கை அடித்து அடித்து வழி கேட்கிறது. வளைவிலேயே நிறுத்திப் படம் எடுக்கிறார்கள். குரங்குக்குச் சிப்ஸ் பாக்கெட்டோடு போடுகிறார்கள். மலையில் ஒரு நாள் முழுக்க இருந்துவிட்டு, ஒரு மரத்தின் பெயர்கூடத் தெரியாமல் இறங்கிவிடுகிறார்கள்.

நடந்து போனவர்களுக்குச் சொன்ன யோசனை ஓலையில் எழுதப்பட்டது. 1889இல் உ.வே.சாமிநாதையர் பத்துப்பாட்டை அச்சேற்றியதால் அது நம் கைக்கு வந்தது. வண்டி ஓட்டியவர்கள் சொன்னதை யாரும் எழுதி வைக்கவில்லை. போளூரிலும் செங்கத்திலும் ஆலங்காயத்திலும் திருவண்ணாமலையிலும், வேலையை விட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிற பழைய மலை டிரைவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அடுத்த முறை ஜவ்வாது ஏறுவதற்கு முன் அவர்களில் ஒருவரைத் தேடிப் போய், ஒரு டீ வாங்கிக் கொடுத்து, எந்த வளைவில் எப்படித் திரும்புவீர்கள், எங்கே நிறுத்துவீர்கள் என்று கேளுங்கள். கேட்டதை எழுதி வையுங்கள்.