144 பெட்டிகள்

கண்புரை சிகிச்சை முடிந்து, இரண்டு வாரம் திரையைப் பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதுதான் இந்த இடைவெளிக்குக் காரணம். விசாரித்த நண்பர்களுக்கு நன்றி. இன்று என் மனைவியின் தீப்பெட்டி அலமாரியைப் பற்றி எழுதப் போகிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் அதைப் பற்றிக் கேட்பார்கள். பாதிக் கதையைத்தான் இதுவரை சொல்லி வந்திருக்கிறேன். மீதிப் பாதி எனக்கே போன மாதம்தான் தெரிந்தது.

1981-இல் எனக்குச் சிவகாசிக்கு மாற்றல் வந்தது. மத்திய கலால் துறையில் எழுத்தர் வேலை. புதுச்சேரியில் பிறந்து, கூட்டல் கழித்தல் வாய்ப்பாடு எல்லாம் பிரெஞ்சில் படித்தவன் நான். இன்றைக்கும் பணம் எண்ணினால் உள்ளே பிரெஞ்சில்தான் ஓடும். தீப்பெட்டிக்கு வரி கட்டியதற்கு அடையாளமாக ஒட்டுகிற சீட்டுக்கு ஆபீசில் 'பாண்ட்ரோல்' என்று பெயர். அது பிரெஞ்சுச் சொல், 'பாந்த்ரோல்' என்று சொல்ல வேண்டும், சின்னக் கொடி என்று பொருள் என்று சேர்ந்த முதல் நாளே விளக்கப் போனேன். அன்றிலிருந்து நான் 'பாண்டிச்சேரி அண்ணாச்சி'.

பெரியவனுக்கு அப்போது ஆறு வயது, சின்னவளுக்கு நாலு. மூன்று வீடுகள் வரிசையாக இருந்த லைன் வீட்டில் நடு வீடு எங்களுடையது. கையில் காசு கம்மி, வெயில் ஜாஸ்தி. பொம்மை வாங்கிக் கொடுக்க வழியில்லை. ஆனால் சிவகாசியில் காகிதத்துக்குப் பஞ்சமே கிடையாது. அச்சகங்களில் மை சரிபார்ப்பதற்காக ஒரே தாளை நாலைந்து தடவை ஓட்டுவார்கள். ஒரு படத்தின் மேல் இன்னொரு படம் விழுந்திருக்கும். முருகனின் வேலில் பூனைக்குட்டி தொங்கும், லட்சுமியின் தாமரைக்குள் சோப்பு விளம்பரம் தெரியும். கிலோக் கணக்கில் அந்தத் தாளை வாங்கி வந்து நோட்டுக்கு அட்டை போடுவாள் என் மனைவி. அதற்கு முன்னால் பிள்ளைகள் குப்புறப் படுத்து, எத்தனை படம் ஒளிந்திருக்கிறது என்று தேடுவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்க அதிலேயே போகும். என் பங்குக்கு, பள்ளியில் கற்ற பிரெஞ்சுக் காகிதக் கோழியை மடித்துக் கொடுப்பேன். 'கோகோத்' என்று பெயர் சொன்னதும் சின்னவள் அதைக் 'கொக்கு' ஆக்கிவிட்டாள். எங்கள் வீட்டில் இன்றும் அது கொக்குதான்.

பக்கத்து வீட்டில் தீப்பெட்டி ஒட்டினார்கள். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்றுக்கொண்டு வந்த கதை ஊரில் எல்லோருக்கும் தெரியும். அந்தத் தொழில் திண்ணை திண்ணையாகப் பரவிக் கிடந்ததை அங்கேதான் பார்த்தேன். ஏஜெண்டு கட்டுக் கட்டாகச் சீவிய மரப்பட்டையும் தாளும் கொடுத்துவிட்டுப் போவார். மைதாப் பசையில் பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் கலந்து, அடிப்பெட்டியும் மேல்பெட்டியும் ஒட்டி வெயிலில் காயவைத்து, குரோஸ் கணக்கில் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒரு குரோஸ் என்றால் 144. மழை பெய்தால் பெட்டி காயாது, கூலியும் கிடையாது.

அந்த வீட்டுப் பெண்ணுக்கு எட்டு வயது. பள்ளிக்கூடம் போகவில்லை. பன்னிரண்டு பன்னிரண்டாகப் பெட்டியை எண்ணுவாள் பாருங்கள், நான் பிரெஞ்சில் 'நாலு இருபது பன்னிரண்டு' என்று 92-க்கு வருவதற்குள் அவள் 144-ஐ முடித்திருப்பாள். தொண்ணூற்றிரண்டைப் பிரெஞ்சுக்காரன் அப்படித்தான் சொல்வான் என்றதும், "அவனுக்கு எண்ணத் தெரியாதா மாமா?" என்று கேட்டாள்.

ஒரு நாள் எங்கள் பிள்ளைகளும் ஒட்ட வேண்டும் என்று அடம் பிடித்தார்கள். பக்கத்து வீட்டு மதினி சிரித்துக்கொண்டே, "ஒட்டட்டும் மதினி, விளையாட்டுப் பிள்ளைக" என்று பசைக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். என் மனைவியும் கூட உட்கார்ந்தாள். பெரியவன் பெட்டியை ரயிலாக ஓட்டிப் பார்த்தான். சின்னவள் விரலெல்லாம் பசை, ஒட்டியதெல்லாம் கோணல். அந்தக் காலைப்பொழுதின் சந்தோஷத்தை இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

அந்தக் கோணல் பெட்டிகள் நல்ல பெட்டிகளோடு கலந்துவிட்டன. ஏஜெண்டு நாலைந்தை எடுத்துப் பார்த்துவிட்டு, ஒரு குரோஸ் முழுவதையும் கழித்துவிட்டார். கூலி போனது மட்டுமில்லை, சரக்குக்கும் பிடித்தம். என் மனைவி காசு கொடுக்கப் போனாள். மதினி வாங்கவே இல்லை. "பிள்ளைக செஞ்சதுக்குக் காசா?" என்றார். அதன் பிறகு மூன்று ராத்திரி என் மனைவி அந்தத் திண்ணையில் உட்கார்ந்து ஈடாக ஒட்டிக் கொடுத்தாள். கூடவே, "சாயந்திரம் ஒரு மணி நேரம் பிள்ளையை அனுப்புங்க" என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். தீப்பெட்டி லேபிளில் இருக்கிற மயிலையும் ரயிலையும் வைத்தே அவளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தாள்.

கழித்த பெட்டிகள் எங்கள் வீட்டுக்கு வந்தன. ரயில் செய்தது போக, மிச்சத்தை அடுக்கி ஒட்டி, அச்சுத் தாளைச் சுற்றி, இழுப்பறை வைத்த அலமாரி செய்தாள். சட்டைப் பொத்தானைக் கைப்பிடியாகத் தைத்தாள். ஊக்கு, ஊசி, சின்னவளின் முதல் பல் எல்லாம் அதில்தான் இருந்தன.

சாயந்திரப் பாடம் நாலு மாதம் நடந்தது. பிறகு அந்தப் பெண் குச்சி அடுக்கும் வேலைக்குப் போனாள். விடியாமலேயே பஸ் வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும். ஹாரன் கேட்டால் என் மனைவி எழுந்து உட்கார்ந்துவிடுவாள். 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்து, தீப்பெட்டித் தொழிலில் 14 வயதுக்கு உட்பட்டவர்களை வைக்கக் கூடாது என்றது. குடும்பத்தோடு வீட்டில் செய்கிற வேலைக்கு மட்டும் அதே சட்டம் விலக்குக் கொடுத்தது. சட்டத்தை எழுதியவர்களை ஒரு நாள் எங்கள் லைன் வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்திருக்க வேண்டும். அதற்குள் எங்களுக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்துவிட்டது.

ஓய்வு பெற்றபின் விருதுநகரில் குடியேறினோம். போன மாதம் அந்தப் பெண் எப்படியோ விசாரித்து வந்தாள். ஐம்பதைத் தாண்டிவிட்டாள். மகளுக்குக் கல்யாணம், பத்திரிகை கொண்டு வந்திருந்தாள். பேசிக்கொண்டே எழுந்து போய் அலமாரியில் ஒரு இழுப்பறையை உருவினாள். திருப்பிப் பார்த்துவிட்டு, "இது தம்பி ஒட்டுனது" என்றாள். இன்னொன்றை எடுத்து, "இது பாப்பா" என்றாள். சரியாகத்தான் சொன்னாள். மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு, சாதாரணமாகச் சொன்னாள்:

"அத்தை, இந்த குரோஸுக்கு எங்கம்மா அன்னைக்கு என்னைய வெளக்குமாத்தாலே அடிச்சாங்க. 'நீ பாத்துப் பிரிச்சு வைக்கலையே'ன்னு."

நாங்கள் இருவரும் வாயடைத்துப்போனோம். சுவருக்கு அந்தப் பக்கம்தான் இருந்திருக்கிறோம். எதுவும் கேட்கவில்லை. என் மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். காபி ஆறிக்கொண்டிருந்தது.

"அட, அதுக்கு ஏன் அத்தை இப்ப கண்ணு கலங்குது? அந்த நாலு மாசப் பாடத்துலதான் பஸ் போர்டு படிக்கிறேன்" என்றாள். பிறகு அந்த இழுப்பறையை விரலால் தட்டிப் பார்த்தாள். "மூலை விட்டுப் போச்சு. மைதா இருக்கா?"

அடுப்படிக்கு அவளே போய்ப் பசை காய்ச்சிக்கொண்டு வந்தாள்.